பருத்தழும்பின் ஆழமும் திராவகத்தின் எல்லையும்

கல்கத்தாவின் கிழக்கெல்லையில் உப்புநீர் தேங்கிக் கிடந்த சதுப்பு நிலத்தை, ஹூக்ளி நதியின் வண்டலைச் சேறாகக் கரைத்துக் குழாய்களின் வழியே கொண்டுவந்து கொட்டி, மேடாக்கி எழுப்பிய நகரம் சால்ட் லேக். அந்த வேலை 1962-ஆம் ஆண்டில் தொடங்கியது. அதைச் சங்கற்பித்த முதலமைச்சர் விதான் சந்திர ராய் தொழிலால் வைத்தியர். ஊரும் அவர் பெயரால் விதான்நகர் என்று வழங்குகிறது. செக்டர் ஐந்திலிருந்து புறப்படும் மெட்ரோ ரயில் கருணாமயியையும் சிட்டி சென்டரையும் கடந்ததும் நிற்கிற நிலையத்துக்கு, ஆசாரிய பிரபுல்ல சந்திர ராய் 1892-இல் தோற்றுவித்த இரசாயன ஸ்தாபனத்தின் நினைவாகப் பெங்கால் கெமிக்கல் என்றே பெயர். வைத்தியர் ஒருவரையும் இரசாயன விற்பன்னர் ஒருவரையும் ஒருங்கே நினைவூட்டும் இவ்வூரில் வசிக்கும் எனக்கு, முகப்பருவால் குழிந்த சருமத்துக்குத் திராவகப் பிரயோகம் செய்யும் முறையைப் பற்றி எழுத முற்படும்போது, காலடியில் இருக்கும் மண்ணே ஒரு வேறுபாட்டை உணர்த்துகிறது. பள்ளத்தை நிரப்ப வழிகள் இரண்டு: வெளியிலிருந்து பொருளைக் கொண்டுவந்து கொட்டுவது ஒன்று, பள்ளத்தின் அடியிலுள்ளதையே தூண்டி மேலெழச் செய்வது மற்றொன்று. சால்ட் லேக் முதல் வழியில் உண்டானது. இக்கட்டுரைக்கு விஷயமான சிகிச்சை இரண்டாம் வழியைச் சேர்ந்தது.

பருவின் வீக்கம் மேல்தோலோடு நின்றுவிட்டால் சில மாதங்களில் கறை மட்டுமே எஞ்சி, அதுவும் மறையும். அது மயிர்க்காலின் சுவரை உடைத்துக்கொண்டு உட்தோலுக்குள் பரவினாலோ, அங்கே சருமத்துக்குத் தாங்குதூணாக நிற்கும் கொலாஜன் இழைகள் அழிந்துபோக, அழிந்த அளவுக்கு ஈடாகப் புதியவை உண்டாகாத இடங்களில் தோல் உள்ளே இழுக்கப்பட்டுக் குழிகிறது. ஜேக்கப், டோவர், காமினர் என்னும் மூவர் 2001-இல் வகுத்த பாகுபாட்டின்படி இக்குழிகள் மூன்று தரத்தவை. வாய் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறுகி, அடிநோக்கிக் கூம்பி, ஊசியால் ஆழக் குத்தியதுபோல் இறங்குவது ஐஸ்பிக். செங்குத்தான கரையுடன் பெட்டிபோல் அகன்றது பாக்ஸ்கார். அடியிலுள்ள நார்கள் இழுப்பதனால் அலைபோல் மேடுபள்ளமாகத் தோன்றுவது ரோலிங். பின்னிரண்டிற்கும் சப்சிஷன், மைக்ரோநீட்லிங், லேசர் என்று வேறு உபாயங்கள் உண்டு. ஐஸ்பிக் ஒன்றே களிம்புக்கும் எட்டாமல், தோலின் மேற்பரப்பைச் சீவும் கருவிக்கும் எட்டாமல் பிடிவாதமாக நிற்பது.

“கல்யாணம் ஆனால் பரு தானே போய்விடும்” என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்லும் ஆறுதல் எத்தனையோ இளைஞர்களையும் பெண்களையும் வைத்தியரிடம் போகவிடாமல் தடுத்திருக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தம் மேலிடுகிறது. இங்கிலாந்தில் லேட்டன் முதலியோர் 1994-இல் வெளியிட்ட ஆய்வு, பரு தோன்றியதற்கும் தக்க சிகிச்சை தொடங்கியதற்கும் இடையே மூன்றாண்டு வரையில் நேரும் தாமதம் தழும்பின் கடுமையோடு தொடர்புடையது என்று காட்டிற்று. தாமதத்தோடு தவறான மருந்தும் சேர்ந்துகொள்வது நம் நாட்டுக்குரிய துன்பம். அபிர் சரஸ்வத், கல்கத்தாவைச் சேர்ந்த கௌசிக் லாஹிரி முதலிய தோல் மருத்துவர்கள் பன்னிரண்டு மையங்களில் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தில் தோல்நோயுடன் வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு களிம்பை முகத்தில் பூசிவந்தவர்கள் என்று தெரிந்தது. நிறம் வெளுக்கும் என்ற ஆசையில் பூசும் அக்களிம்பே பருவைப் பெருக்குகிறது.

திராவகத்தால் தோலை உரிக்கும் சாஸ்திரம் புதியதன்று. ஹாம்பர்க் நகரத்து உன்னா 1882-லேயே சாலிசிலிக் அமிலம், ரெசார்சினால், பீனால், டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம் ஆகியவை சருமத்தின்மேல் செய்யும் வேலையை விவரித்தார். அமெரிக்காவில் மக்கீ 1903 முதல் பருத்தழும்புக்குப் பீனாலைப் பயன்படுத்தி, அரை நூற்றாண்டு அனுபவத்துக்குப் பின் 1952-இல் அதை எழுத்தில் வைத்தார். ஆனால் பீனால் தோலின் வழியே இரத்தத்தில் கலந்து இருதயத்தின் துடிப்பைக் குலைக்க வல்லது. டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்துக்கு அந்தத் தோஷம் இல்லை. காடிக்குப் புளிப்பைத் தரும் அசிட்டிக் அமிலத்திலுள்ள மூன்று ஹைட்ரஜன் அணுக்களின் இடத்தில் குளோரின் அணுக்கள் அமர, 1839-இல் பிரெஞ்சு இரசாயனி டூமா கண்டெடுத்த பொருள் அது. தோலில் பட்டவுடன் அங்குள்ள புரதத்தை உறையச் செய்து, அவ்வாறு உறைவிப்பதிலேயே தன் வீரியத்தைச் செலவிட்டு அடங்கிவிடுகிறது. பட்ட இடம் பனி படிந்ததுபோல் வெளுப்பதே அது உறைந்ததற்கு அடையாளம்.

எனினும் இதையே முகம் முழுவதும் பூசும்போது, முப்பத்தைந்து சதவீதத்துக்கு மேற்பட்ட கரைசல் புதிய தழும்பையும் நிறக்கேட்டையும் உண்டாக்கக்கூடும் என்பது நெடுநாளைய அனுபவம். நம்மைப் போன்ற மாநிறத்தாரும் கறுத்தவரும் இதில் இன்னும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். நம் சருமத்திலுள்ள நிறமிச் செல்கள் எந்தக் காயத்துக்கும் கறுப்பைச் சொரிந்தே மறுமொழி கூறுபவை. ஆகையால் குழியின் அடி வரை எட்டும் வலுவான திராவகத்தைப் பூச முடியாது; பூசக்கூடிய மென்மையான திராவகமோ குழியின் அடி வரை எட்டாது. இந்த முட்டுக்கட்டையில் பல பதிற்றாண்டுகள் கழிந்தன.

தென்கொரிய மருத்துவர் லீயும் அவர்தம் துணைவர்களும் 2002-இல் அறிவித்த கிராஸ் என்னும் முறை இம்முட்டுக்கட்டையை அவிழ்த்த விதம், என் அபிப்பிராயத்தில், தோல் மருத்துவத்தின் எளிமையும் நுட்பமும் ஒருங்கே வாய்ந்த சிந்தனைகளில் ஒன்று. அவர்கள் திராவகத்தின் வலுவைக் குறைக்கவில்லை. அது படும் இடத்தைக் குறைத்தார்கள். எண்ணெய்ப்பசை நீங்கத் துடைத்த தோலை விரல்களால் இழுத்துப் பிடித்து, கூராக்கிய மரக்குச்சியின் நுனியைத் திராவகத்தில் தோய்த்து, குழியின் அடியில் மட்டும் அழுத்திவைக்கிறார்கள். சில விநாடிகளில் குழி வெளுக்கிறது. குச்சி அடுத்த குழிக்குப் போகிறது. பொருக்குத் தட்டி ஏறத்தாழ ஒரு வாரத்தில் உதிர, அதன்கீழே புதிய கொலாஜன் உருவாகி, வாரங்கள் செல்லச் செல்லக் குழியின் தரை சிறிது சிறிதாக உயர்கிறது. சுற்றியுள்ள நல்ல தோலும் அதன் மயிர்க்கால்களும் தீண்டப்படாமல் நிற்பதனால், அங்கிருந்து புதிய செல்கள் விரைந்து வந்து புண்ணை மூடிவிடுகின்றன. நிறம் கெடுவதற்கான பரப்பே அங்கே மிகச் சிறிது.

இந்த முறையின் பாதுகாப்பு முழுவதும் எல்லையைக் காப்பதில்தான் அமைந்திருக்கிறது. திராவகம் குழியின் கரையைக் கடந்து வழிந்தால் கரையும் கரைந்து, ஒடுங்கியிருந்த தழும்பு அகன்ற தழும்பாகிவிடுகிறது. மருத்துவர்கள் பதிந்துள்ள தீங்குகளில் இது முக்கியமானது. திராவகம் தோய்ந்த குச்சியை நோயாளியின் கண்ணுக்கு மேலாகக் கொண்டுசெல்லலாகாது என்ற விதியும் இதே காரணத்தால் வந்தது. வீட்டிலேயே கண்ணாடி முன் அமர்ந்து இதைச் செய்துகொள்ளத் துணிபவர்களிடம் நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வது ஒன்றே: தோலை இழுத்துப் பிடிக்கும் கையும், குழியின் அடியை நேர்க்கோட்டில் பார்க்கும் கண்ணும் பிறருடையதாக இருந்தாலன்றி அந்த எல்லையைக் காக்க முடியாது.

இனி, சான்றுகளின் நிலை. லீயின் ஆய்வில் அறுபத்தைந்து பேர். அவர்களுள் 65% கரைசல் பெற்ற 33 பேரில் 27 பேருக்கும், 100% கரைசல் பெற்ற 32 பேரில் 30 பேருக்கும் நற்பலன் கிடைத்தது. இந்தியாவில் நீதி குங்கரும் அவர்தம் கூட்டாளிகளும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், கருஞ்சருமம் உடைய முப்பது பேருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாக நான்கு தடவை 100% கரைசலைப் பிரயோகித்ததில், 73.3% பேருக்கு எழுபது சதவீதத்துக்கு மேற்பட்ட முன்னேற்றம் காணப்பட்டது. எண்கள் ஊக்கம் தருபவையே. ஆயினும் சிகிச்சையே பெறாத ஒப்பீட்டுக் குழு இவ்விரண்டிலும் இல்லை, சேர்க்கப்பட்டவர்களும் சிலரே. மேலும் இவ்வாய்வுகள் நான்கு, ஐந்து என்று சருமத்தை எண்ணிட்டுக் கூறும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல், 1975-இல் வெயிலுக்கு வெள்ளைத் தோல் சிவக்கிறதா கறுக்கிறதா என்று அறியப் பிறந்தது. மாநிறமும் கருநிறமும் அதில் பிற்பாடு சேர்க்கப்பட்டவை. சியோலின் நான்காம் எண்ணும், கல்கத்தாவின் நான்காம் எண்ணும், திருநெல்வேலியின் ஐந்தாம் எண்ணும் காயத்துக்கு ஒரேவிதமாகக் கறுக்கும் என்று அந்த எண்ணை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. மறைவான ஓரிரு குழிகளில் முதலில் சோதித்துச் சில வாரம் காத்திருந்து பார்ப்பதே நியாயமான வழி.

இதனினும் பெரிய சந்தேகம் எனக்கு ‘நூறு சதவீதம்’ என்ற சொல்லிலேயே உண்டு. இத்துறையில் அது கலப்பற்ற பொருளைக் குறிப்பதன்று. எடைக்கும் பருமனுக்கும் உள்ள விகிதத்தைக் குறிப்பது. நூறு கிராம் படிகத்தை நீரில் கரைத்து, கரைசலின் மொத்தப் பருமன் நூறு மில்லிலிட்டர் ஆகும்வரை நீர் சேர்த்தால் வருவது அந்த நூறு. அதே நூறு கிராமை நூறு மில்லிலிட்டர் நீரில் போட்டுவிட்டால், படிகமும் இடம் பிடிப்பதனால் கரைசல் ஏறத்தாழ நூற்றறுபது மில்லிலிட்டராகப் பெருகி, அதன் வலு அறுபது சொச்சமாக இறங்கிவிடும். இரண்டு சீசாவின் மேலும் நூறு என்றே எழுதலாம். லீயின் ஆய்வில் இரு குழுக்களைப் பிரித்து நிறுத்திய வேறுபாடு ஏறக்குறைய இதுவே என்பதை எண்ணிப் பார்த்தால், இச்சிறு கவனக்குறைவு ஓர் ஆய்வின் முடிவையே மாற்றிவிடக்கூடியது என்பது விளங்கும். ஓரிடத்தில் பலன் குறைந்ததாகவும் மற்றோரிடத்தில் தீங்கு மிகுந்ததாகவும் வரும் அறிக்கைகளுள் எத்தனை மருந்தின் குணத்தால் வந்தவை, எத்தனை தராசும் அளவுகுப்பியும் செய்தவை என்பதைப் பிரித்தறிய இப்போது வழியில்லை. படிகமோ காற்றின் ஈரத்தையும் உறிஞ்சிக் கசிவது. கல்கத்தாவின் ஆடி ஆவணி மாதத்து ஈரக்காற்றில், திறந்து மூடிய சீசாவிலிருந்து நிறுத்தெடுத்த நூறு கிராமில் நீரும் கலந்திருக்கும்.

ஆதலால் இம்முறையைப் பற்றி இனி வெளிவரும் ஒவ்வோர் இந்திய ஆய்வும், கரைசலை யார் தயாரித்தார், எடைக்கு எடையா எடைக்குப் பருமனா, எந்தத் தேதியில், சீசா எத்தனை நாள் திறந்திருந்தது என்பவற்றை, நோயாளிகளின் தொகையைச் சொல்லுகிற அதே வாக்கியத்தில் சொல்லவேண்டும் என்பது என் கோரிக்கை. இதே விவரத்தைச் சிகிச்சைக்கு முன் நோயாளி கேட்டால், சீசாவைத் திருப்பி அதன் சீட்டைக் காட்டுவது மருத்துவருக்கு அரை நிமிஷ வேலை.