விரதத்துக்கு வந்த ஜாவா அரிசி

போன ஆஷாடி ஏகாதசிக்கும் வழக்கம்போல மாடி வீட்டுக் காக்கூ எவர்சில்வர் டப்பாவோடு வந்தார். புனேவில் இந்த வீட்டுக்குக் குடிவந்து பதினோரு வருஷம் ஆகிறது. வருஷத்துக்கு நாலைந்து தடவையாவது இந்த டப்பா கீழே இறங்கும். உள்ளே சாபுதாணா கிச்சடி. ஊறவைத்த ஜவ்வரிசி, வறுத்துப் பொடித்த வேர்க்கடலை, பச்சை மிளகாய், உருளைக்கிழங்கு, சீரகம், நெய். சாப்பிடாதவர்களுக்குச் சொல்கிறேன், விரதம் இருக்க இதைவிட நல்ல காரணம் கிடையாது :-) மராத்தியிலேயே ஒரு சொலவடை உண்டு, "ஏகாதஷி, துப்பட் காஷி" என்று. ஏகாதசி வந்தால் ரெண்டு மடங்கு சாப்பாடு.

இந்தத் தடவை டப்பாவைக் கொடுத்துவிட்டுக் காக்கூ போகவில்லை. செல்போனை நீட்டினார். "இதைப் படி. உங்க ஊர்ப் பேர் போட்டிருக்கு. காலையிலேர்ந்து நான் இன்னும் வாயில வைக்கல. நிஜமா இல்லையான்னு நீ சொல்லு."

படித்ததும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. பழைய நண்பன்! யாஹூ குரூப் காலத்திலேயே ஆங்கிலத்தில் என் மெயிலுக்கு வந்தவன்தான், இப்போது மராத்தி கற்றுக்கொண்டு வாட்ஸப்பில் வந்திருக்கிறான். சேலம் பக்கம் கிழங்கைக் கூழாக்கிப் பெரிய தொட்டிகளில் மாதக்கணக்கில் அழுக விடுகிறார்களாம். ராத்திரி விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பூச்சியெல்லாம் அதில் விழுந்து புழு வைக்குமாம். அதைக் காலால் மிதித்து எடுத்துத்தான் ஜவ்வரிசி செய்கிறார்களாம். ஆகவே அது சைவம் இல்லை, விரதத்துக்கு ஆகாது.

எனக்கு ஊர் ஆத்தூர் பக்கம். அப்பா ரெண்டு ஏக்கரில் குச்சிக்கிழங்குதான் போட்டார், இப்போது தம்பி போடுகிறான். நான் படித்ததே அந்தக் கிழங்கில்தான். அதனால் "சும்மா புரளி காக்கூ, சாப்பிடுங்க" என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. ஆனால் எழுபது வயசு தாண்டியவர், கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு ஏகாதசி விடாதவர், பசியோடு நின்று கேட்கிறார். அரைகுறையாகச் சொல்ல மனசு வரவில்லை. உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினேன். அன்று சொன்னதையும், சொல்ல விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர். ஜவ்வரிசி என்றால் ஜாவா அரிசி. அது அரிசியும் இல்லை, இன்றைக்கு ஜாவாவிலிருந்து வருவதும் இல்லை. ஆனால் ஒரு காலத்தில் கடல் தாண்டி அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. அங்கே சேகோ என்று ஒரு பனை இனம் உண்டு. மரத்தை வெட்டிப் பிளந்து, உள்ளே இருக்கும் சோற்றைக் கரைத்து, மாவெடுத்து, உருட்டிக் காயவைத்தால் ஜவ்வரிசி. மலாய் மொழியில் சாகு. அந்த சாகுதான் வடக்கே 'சாபு' ஆகி, தாணா என்ற வாலோடு சாபுதாணா ஆனது. தெலுங்கில் சக்குபிய்யம், கன்னடத்தில் சப்பக்கி, மலையாளத்தில் சவ்வரி. பிய்யம், அக்கி, அரி எல்லாமே அரிசிதான். தெற்கே நாலு மொழிக்காரர்களும் பார்த்தவுடன் அரிசி என்றே பெயர் வைத்துவிட்டோம். அரிசியே தொடக்கூடாத நாளில் இதைச் சாப்பிடுகிறார்கள் என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

சரி, பனையிலிருந்து கிழங்குக்கு எப்படி வந்தது? கிழங்கு பிரேசில் பக்கத்துச் சரக்கு. அங்கிருந்த பூர்வகுடிகள் ஆயிரக்கணக்கான வருஷமாக இதைத் துருவி, பிழிந்து, பாலைத் தெளியவிட்டு மாவெடுத்தார்கள். டாப்பியோகா என்ற சொல்லே அவர்களுடைய துப்பி மொழிச் சொல்தான். அவர்கள் பிழிந்ததற்குக் காரணம் இருக்கிறது. பச்சைக் கிழங்கில் சயனைடை உண்டாக்கும் பொருள் உண்டு. துருவி, பிழிந்து, கழுவினால் போய்விடும். போர்ச்சுகீசியர் 1500ல் பிரேசிலில் இறங்கினார்கள், 1510ல் கோவாவைப் பிடித்தார்கள். அவர்கள் கப்பல்களில்தான் இது ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் பயணம் போனது.

நம் பக்கத்தில் இதைச் சோற்றுக்கு மாற்றாக ஆக்கியது திருவிதாங்கூர். 1880லிருந்து 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதில் தனி அக்கறை எடுத்துக்கொண்டார். ஜனங்கள் விஷம் என்று பயந்ததால், எப்படி வேகவைத்து எப்படித் தண்ணீரைக் கொட்ட வேண்டும் என்று அரசரே சொல்லிக்கொடுத்தார் என்று கேரளத்தில் இன்றும் சொல்வார்கள். இன்றைக்கும் கப்பைக்கிழங்கு வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுவதுதான் வழக்கம். 1942ல் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போய் ரங்கூன் அரிசி நின்றபோது, மலையாளத்து வயிறுகளைக் காப்பாற்றியது அந்தக் கிழங்குதான்.

அதே 1942ல் மலேயா, சிங்கப்பூர், ஜாவா எல்லாம் வரிசையாக விழுந்தன. ஜவ்வரிசிக் கப்பலும் நின்றது. இங்கேதான் சேலம் கதைக்குள் வருகிறது. மீன் வியாபாரத்துக்காகக் கேரளம் போய்வந்துகொண்டிருந்த சேலத்து மாணிக்கம் செட்டியாரும், பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவும் சந்தித்தார்கள். ஷாவுக்குக் கிழங்கிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் எடுக்கும் வேலை தெரியும், ஏனென்றால் மலேயாவில் அதற்கு முன்பே பனைக்குப் பதில் மரவள்ளியில் செய்ய ஆரம்பித்திருந்தார்கள். 1943 வாக்கில் சேலத்தில் கையால் இடித்து, வடிகட்டி, உருட்டி, வறுத்து முதல் ஜவ்வரிசி வந்தது. ஒரு செட்டியார், ஒரு குஜராத்தி, ஒரு உலகப் போர். சண்டை முடிந்து கப்பல்கள் திரும்பி வந்த பிறகும் தொழில் போகவில்லை. கலப்படத் தடைச் சட்டத்தின் 1955ஆம் வருஷ விதிகளில் ஜவ்வரிசிக்கு எழுதிய இலக்கணத்தில் பனை மாவையும் மரவள்ளி மாவையும் சேர்த்தே சொல்லிவிட்டார்கள். அப்படியாக நம்ம குச்சிக்கிழங்கு சட்டப்படியே ஜாவா அரிசி ஆகிவிட்டது.

இப்போது காக்கூவின் கேள்விக்கு வருகிறேன். கொஞ்சம் கொசுவத்தி சுற்ற அனுமதியுங்கள்.

குச்சியை நட்டு ஒன்பது, பத்து மாசத்தில் கிழங்கு பிடுங்குவோம். பிடுங்கின கிழங்கு ரெண்டு மூணு நாளில் உள்ளே நீலம் பாய்ந்து கெட்டுப்போகும். அதனால் அன்றைக்கே லாரி ஏற்றி சேகோ பேக்டரிக்கு அனுப்பியாக வேண்டும். அங்கே 'பாயிண்ட்' பார்ப்பார்கள். கிழங்கைத் தண்ணீருக்குள் எடை போட்டு, மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று கணக்குப் போட்டு, பாயிண்டுக்கு இவ்வளவு என்று ரேட். ஒரு பாயிண்ட் குறைந்தால் அப்பா முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். விலை பிடிக்கவில்லை என்று கிழங்கைத் திருப்பி எடுத்துக்கொண்டு வரவும் முடியாது, வீடு வருவதற்குள் அழுகிவிடும். வியாபாரம் பேச வேறு யாருக்கும் இப்படிக் கையைக் கட்டிப் போடுவதில்லை.

பேக்டரிக்குள் கிழங்கைத் தோலுரித்து, அரைத்து, சல்லடையில் பாலைப் பிரித்து, தொட்டியில் விடுவார்கள். மாவு அடியில் இறங்க ஒரு ராத்திரி போதும். மேல் தண்ணீரை இறக்கிவிட்டு, ஈர மாவை வெட்டியெடுத்து, உதிர்த்து, குலுக்கினால் மணி மணியாகத் திரளும். முன்னெல்லாம் துணியைத் தூளி மாதிரி கட்டிக் குலுக்கினார்கள், அப்புறம் மெஷின் வந்தது. சலித்து, எண்ணெய் தடவின சூட்டுத் தட்டில் வறுத்து, களத்தில் காயப்போட்டால் கிச்சடிக்குப் போகும் ஜவ்வரிசி. வறுக்காமல் ஆவியில் வேகவைத்தால் நைலான் ஜவ்வரிசி. மாதக்கணக்கில் அழுக விட்டால் மாவு புளித்து நிறம் மாறும், ஒரு பயல் வாங்கமாட்டான். அந்தப் புழுக் கதையை எழுதியவன் பேக்டரிக்குள் போனதே இல்லை என்று காக்கூவிடம் அடித்துச் சொன்னேன்.

ஆனால் ரோட்டில் போயிருப்பான். நாற்றம் நிஜம். கிழங்கு கழுவின தண்ணீரும், பால் எடுத்த பிறகு மிஞ்சும் திப்பியும் புளித்து வரும் வாடை அது. ஆத்தூர் ரோட்டில் பஸ் ஜன்னலை மூடிக்கொண்டு போன காலம் எனக்கே ஞாபகம் இருக்கிறது. அந்தத் தண்ணீர் ஏரியிலும் கிணற்றிலும் இறங்கியது, எங்கள் ஊரில் சண்டையே நடந்திருக்கிறது. பிறகு பல ஆலைகள் அதிலிருந்து சாண எரிவாயு மாதிரி வாயு எடுக்க ஆரம்பித்தன. திப்பி மாட்டுக்குப் போகிறது.

காலும் நிஜம்தான், ஆனால் மிதிப்பதற்கு இல்லை. என் சின்ன வயசில் சிமெண்ட் களத்தில் காயும் ஜவ்வரிசியைக் கிளறப் பெண்கள் வெறுங்காலோடு அதன்மேல் நடப்பார்கள். அதையும் காக்கூவிடம் சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது. இன்னொன்றும் சொன்னேன். புழுவைவிடக் கவலைப்பட வேண்டியது வெள்ளை நிறம். பால் மாதிரி வெளுத்திருந்தால்தான் விலை என்பதால் சில இடங்களில் ரசாயனம் போட்டு வெளுக்கிறார்கள், மக்காச்சோள மாவு கலக்கிறார்கள் என்று உணவுப் பாதுகாப்புத் துறை பலமுறை சோதனை போட்டிருக்கிறது. மக்காச்சோள மாவு கலந்தால் என் தம்பி கிழங்குக்குத்தான் விலை இறங்கும். 1981ல் சேலத்தில் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் தரம் பார்த்து விற்க வழி செய்தது, 2023ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இருந்தாலும் வெளியில் விற்கும் சரக்கும் உண்டு.

காக்கூ கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இது பழைய காலத்துச் சாமான் இல்லையா? ஞானேஸ்வர் மகாராஜ் காலத்துல என்ன சாப்ட்டாங்க?" என்றார்.

அவர் பதிமூன்றாம் நூற்றாண்டு. கொலம்பஸ் கப்பலேறியது 1492. டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஜவ்வரிசிக் கிழங்கு தென் அமெரிக்கா. வேர்க்கடலை அதே இடம். உருளைக்கிழங்கு ஆண்டீஸ் மலை, மராத்தியில் 'பட்டாட்டா' என்கிற பெயரே போர்ச்சுகீசியர் விட்டுப்போனது. பச்சை மிளகாயும் அமெரிக்கா. ஏகாதசிக்கு வேகவைக்கும் சர்க்கரைவள்ளி, ராஜ்கிரா லட்டுவில் இருக்கும் கீரை விதை, எல்லாம் அந்தப் பக்கம். சீரகமும் நெய்யும் மட்டும்தான் நம்மூர்ப் பழைய ஆட்கள். எனக்குத் தோன்றும் காரணம் எளிது. ஏகாதசியில் தானியம் ஆகாது, கந்தமூலம் ஆகும். புதுசாக வந்த கிழங்கெல்லாம் அந்தக் கதவு வழியாக உள்ளே நுழைந்துவிட்டன. எங்கள் தெருவில் அமாவாசை விரதம் என்றால் சாயங்காலம் இட்லி, உப்புமா என்று பலகாரம் நடக்கும். காக்கூவிடம் ஒரு முறை சொன்னபோது, ரவை தானியம் இல்லையா என்று அதிர்ந்துபோனார்!

இன்னொரு அமெரிக்க விருந்தாளியும் உண்டு. 2020ல் கேரளத்தில் மரவள்ளி மாவுப்பூச்சி தென்பட்டது, சீக்கிரமே சேலம், நாமக்கல் காடுகளுக்கும் வந்தது. குருத்தெல்லாம் சுருண்டு, தம்பி போனில் அழாத குறை. அந்தப் பூச்சியும் தென் அமெரிக்கா. அதைத் தின்று தீர்க்கும் ஒரு குட்டிக் குளவியும் அங்கேயே பிறந்தது. ஆப்பிரிக்காவில் 1980களில் மரவள்ளியைக் காப்பாற்றியது அதுதான். அங்கே பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, வளர்த்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியே விட்டார்கள். எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். கிழங்கு வந்து இத்தனை காலம் கழித்து அதன் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருக்கிறார்கள்.

காக்கூ எழுந்தார். டப்பா மூடியில் ரெண்டு கரண்டி கிச்சடியைப் போட்டு, நின்றபடியே சாப்பிட்டார். "நடக்கறதுக்கு முன்னாடி காலைக் கழுவுவாங்கதானே?" என்று கேட்டார். கழுவுவார்கள் காக்கூ, ஆனால் எல்லாரும் கழுவுவார்களா என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது என்றேன். தலையை ஆட்டிவிட்டு, தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது வெளுக்காத சரக்கு அஞ்சு கிலோ வாங்கி வரச் சொன்னார்.

வாங்கி வந்தேன், லேசான பழுப்பு. முதல் தடவை கிச்சடி களி மாதிரி ஒட்டிக்கொண்டது என்று காக்கூ மாடியிலிருந்து புகார் அனுப்பினார். தங்கமணி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள், தண்ணீர் அதிகமாம். மூழ்குகிற மட்டத்துக்கு மேல் ஒரு சொட்டு விடக்கூடாதாம்.