பின்னோக்கி ஓடும் கடல்

முனைவர் பட்டத்தின் இரண்டாம் வருடம், ஒரு சின்னக் கடல் மாதிரிக்கு அட்ஜாயிண்ட் நிரலைக் கையாலேயே எழுதினேன். ஃபோர்ட்ரானில் ஒவ்வொரு வரியையும் வகையிட்டு, கடைசி வரியிலிருந்து முதல் வரிக்குத் திரும்பி வரணும். நான்கு மாதம் ஆச்சு. பிறகு உள்ளீட்டைத் துளி மாற்றி மாதிரியை ஓட்டி, விடை நகர்ந்த அளவை என் நிரல் சொன்ன சரிவோடு ஒப்பிட்டேன். ஒத்துவரல. எங்கோ ஒரு மைனஸ் குறி தப்பு என்று நினைத்தேன். அதைத் தேடிய இரவுகளில்தான் இந்த வரலாற்றைப் படிக்க ஆரம்பிச்சேன்.

எதுக்கு இந்தப் பாடு? பெரிய கடல் மாதிரிகளில் வெப்பம், உப்பு, காற்று என்று உள்ளீடுகள் லட்சக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றையும் அசைத்துப் பார்க்க லட்சம் ஓட்டம் வேண்டும். பின்னோக்கி வந்தால் ஒரே ஓட்டம். செலவு மூல மாதிரியைப் போலச் சில மடங்குதான்.

1964-இல் வெங்கர்ட் செய்தது முன்னோக்கிய முறை. பின்னோக்கிய முறையை 1970-இல் ஹெல்சின்கியில் செப்போ லின்னைன்மா தன் முதுகலை ஆய்வேட்டில், ஃபின்னிஷ் மொழியில் எழுதினார். அவர் கவலை கடலைப் பற்றியது இல்லை. கணினி தசமங்களை வெட்டுவதால் சேரும் பிழை, கடைசி விடையை எவ்வளவு கெடுக்கும் என்பதுதான். (இன்றைய நரம்பு வலைகளும் இதே கணக்கில்தான் பழகுகின்றன. அதைப் பற்றி எழுத ஆள் நிறைய.)

கடலுக்கு இது வந்த வழி ரால்ஃப் கீரிங். ஃபோர்ட்ரானைப் படித்து, அதன் அட்ஜாயிண்டை ஃபோர்ட்ரானிலேயே எழுதித் தரும் டி.ஏ.எம்.சி. என்ற கருவி அவருடையது. 1999-இல் யோகெம் மரோட்ஸ்கேயும் கீரிங்கும் அவர்கள் குழுவினரும், எம்.ஐ.டி. கடல் மாதிரிக்கு இப்படி அட்ஜாயிண்ட் செய்து, அட்லாண்டிக் வெப்பக் கடத்தல் எதைப் பொறுத்து மாறுகிறது என்று கணித்து வெளியிட்டார்கள். மாதிரியைத் திருத்தினால் கருவியை மறுபடி ஓட்டினால் போதும். கையால் எழுதியவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா?

ஆனால் கருவிக்கு மனிதர் உதவணும். திரும்பி நடக்க, வந்த வழியின் மதிப்புகள் வேண்டும். எல்லாவற்றையும் சேமிக்க நினைவகம் போதாது. அதனால் சில இடங்களில் மட்டும் சேமித்து, இடைப்பட்டதை மறுபடி கணக்கிடுவார்கள். எதைச் சேமிப்பது என்று கருவிக்குச் சொல்ல, எம்.ஐ.டி. நிரல் முழுக்க 'சிஏடிஜே ஸ்டோர்' என்ற வரிகள். சாதாரண கம்பைலருக்கு அவை வெறும் குறிப்புரை. கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். கருவிக்கு அவை கட்டளை.

என் தப்பு மைனஸ் குறி இல்லை. ஒரு மாறிக்குப் புது மதிப்பு கொடுத்த இடத்தில், திரும்பி வரும்போது அதன் அட்ஜாயிண்ட் மாறியைப் பூஜ்யமாக்கணும். மறந்திருந்தேன். ஒரே வரி. பிறகு கருவி எழுதிய நிரலைத் திறந்து பார்த்தேன். அந்த வரி, வரவேண்டிய ஒவ்வொரு இடத்திலும், அலுக்காமல் இருந்தது.