ஹைட்ராமாட்டிக்: திறந்து பார்த்த ஒரு பெட்டியின் கதை

நண்பர் ஒருவரிடம் 1951ஆம் ஆண்டு அமெரிக்கக் கார் ஒன்று இருக்கின்றது. அவருடைய தந்தையார் வாங்கியது. தந்தையார் மறைந்து பல ஆண்டுகள் சென்ற பின்னரும் அதனை விற்க அவருக்கு மனம் வரவில்லை. அண்மையில் அந்தக் காருக்கு ஒரு நோய் கண்டது. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதற்கு மாறும் வேளையில் எஞ்சின் ஒரு கணம் வீரிட்டு அலறும். பிறகு யாரோ பின்னாலிருந்து உதைத்தது போலக் கார் துள்ளும். கிளச் மிதியே இல்லாத, தானாகக் கியர் மாற்றும் கார் அது. பார்த்த கராஜ்காரர் பலரும் அந்தப் பெட்டியைத் திறக்க அஞ்சினார்கள். "இதை எடுத்துவிட்டுச் சாதாரண கியர்ப்பெட்டி ஒன்றைப் போடுங்கள்" என்பதே அவர்கள் கூறிய வைத்தியம்.

கடைசியில், எழுபது வயதைத் தாண்டிய மெக்கானிக் ஒருவர் சம்மதித்தார். அவர் வேலை செய்த நாட்களில் நானும் அருகில் ஒரு வாங்கில் அமர்ந்திருந்தேன். செய்தி தேடி அலைந்த பழக்கம் ஓய்வு பெற்றாலும் போவதில்லை. அங்கே நான் கண்டது ஒரு பழுதுபார்த்தலை மட்டுமன்று. ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட ஒரு நூற்றாண்டு வரலாற்றையும்தான்.

அந்தப் பெட்டியின் பெயர் ஹைட்ராமாட்டிக். பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்பட்டு மக்கள் கைக்குச் சென்ற முதலாவது முழுத் தானியங்கிக் கியர்ப்பெட்டி அதுவே. ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் 1939 ஒக்டோபரில் அதனை அறிவித்து, 1940ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் மேலதிகமாக 57 டொலருக்குப் பொருத்திக் கொடுத்தது. அதன் பின்னால் நின்ற பொறியியலாளர் ஏர்ள் தொம்சன். 1928இல் கடிலாக் கார்களில் அறிமுகமாகி, கியர் மாற்றும்போது எழும் பல் நறநறப்பை ஒழித்த சிங்குரோமெஷ் முறையும் அவர் தந்ததே.

முதலில் எண்ணெயை வடித்தார்கள். நல்ல எண்ணெய் தெளிவாக இருக்க வேண்டும். வந்தது கறுப்பாக, கருகிய வாசனையுடன் வந்தது. பெரியவர் விரலில் ஒரு துளியைத் தேய்த்து முகர்ந்து பார்த்துவிட்டு, "கிளச் தட்டு எரிந்துவிட்டது, ஐயா" என்றார். பெட்டியைத் திறப்பதற்கு முன்னரே நோயின் பாதி தெரிந்துவிட்டது.

அடுத்து வெளியே வந்தது திரவ இணைப்பு. குறுக்கே வெட்டிய இரண்டு வடை போன்ற உலோக வளையங்கள். உட்புறம் முழுவதும் தகட்டு இதழ்கள். ஒன்று சுழலும்போது எண்ணெய் வீசி எறியப்பட்டு மற்றையதைச் சுழற்றுகின்றது. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதேயில்லை. இதன் ஊர் காரன்று, கப்பல். ஜெர்மனியரான ஹெர்மன் பொட்டிங்கர் ஸ்டெட்டின் நகரிலிருந்த வல்கன் கப்பற்கட்டுத் தளத்தில் பணியாற்றியவர். நீராவிச் சுழலி மிக வேகமாகச் சுழலும். கப்பலின் சுழல்விசிறியோ மெதுவாகச் சுழன்றால்தான் பயன் தரும். இரண்டுக்கும் இடையே திரவத்தைத் தரகராக நிறுத்தலாம் என்ற எண்ணத்துக்கு அவர் 1905இல் காப்புரிமை பெற்றார்.

இந்தத் திரவ இணைப்பு இலங்கையருக்கும் அந்நியமானதன்று. இங்கிலாந்தின் டைம்லர் நிறுவனம் 1930இல் இதனை, வோல்டர் வில்சன் உருவாக்கிய முன்தெரிவுக் கியர்ப்பெட்டியுடன் இணைத்தது. அதே இணை லண்டன் மாநகரின் ஆர்.ரி. வகை இரட்டைத்தட்டு பஸ்களிலும் இடம் பெற்றது. 1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவான பின்னர், லண்டனில் ஓடி ஓய்ந்த அந்த பஸ்கள் நூற்றுக்கணக்கில் இங்கே வந்து சேர்ந்தன. சாரதி வேண்டிய கியரைச் சிறு நெம்புகோலால் முன்கூட்டியே குறித்து வைப்பார், பிறகு மிதியை ஒருமுறை அழுத்துவார், கியர் மாறிவிடும். மேல்தட்டின் முன்னாசனத்துக்காக முண்டியடித்த நம்மில் எத்தனை பேர் அந்தக் காலடி வித்தையைக் கவனித்தோம்?

பெட்டியின் நடுவில் இருந்தவை கோள் பற்சக்கரத் தொகுதிகள். நடுவே சூரியனைப் போல ஒரு சக்கரம். அதனைச் சுற்றிவரும் சிறு சக்கரங்கள். வெளியே உட்புறம் பல் வெட்டிய வளையம். இவற்றில் ஒன்றைப் பிடித்து நிறுத்தினால் வேகம் குறைந்து விசை கூடும். இரண்டைச் சேர்த்துப் பூட்டினால் முழுத் தொகுதியும் ஒரே கட்டியாகச் சுழலும். 1908இல் வெளிவந்து ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்பனையான போர்ட் மொடல் ரி காரிலும் கோள் பற்சக்கரங்களே இருந்தன. ஆனால் அங்கே நிறுத்துவதும் விடுவிப்பதும் சாரதியின் கால். ஹைட்ராமாட்டிக்கில் அந்தக் காலின் வேலையை எண்ணெய் அழுத்தம் ஏற்றுக்கொண்டது.

முன்னே ஒரு தொகுதி, பின்னே ஒரு தொகுதி. ஒவ்வொன்றுக்கும் பிடித்து நிறுத்த ஒரு பட்டியும், பூட்டுவதற்கு ஒரு கிளச்சும் உண்டு. இரண்டு பட்டிகளும் பிடித்தால் முதலாவது கியர். முன் கிளச்சும் பின் பட்டியும் பிடித்தால் இரண்டாவது. முன் பட்டியும் பின் கிளச்சும் பிடித்தால் மூன்றாவது. இரண்டு கிளச்சுகளும் பிடித்தால் நான்காவது. இந்தக் கணக்கைப் பெரியவர் நிலக்கரித் துண்டால் சுவரில் எழுதிக் காட்டியபோதுதான் நண்பரின் காருக்கு வந்த நோய் எனக்கு விளங்கியது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது மட்டும் நான்கு காரியங்கள் ஒரே கணத்தில் நடந்தாக வேண்டும். முன் கிளச் விட வேண்டும், முன் பட்டி பிடிக்க வேண்டும், பின் பட்டி விட வேண்டும், பின் கிளச் பிடிக்க வேண்டும். ஒன்று பிந்தினால் எஞ்சின் அலறும். ஒன்று முந்தினால் கார் உதைக்கும்.

இங்கே பிந்தியது பின் கிளச். அதன் இறப்பர் வளையங்கள் காலத்தால் இறுகி, எண்ணெய் கசிந்து, தட்டுகள் முழுப் பலத்துடன் அழுந்தாமல் உரசி உரசிக் கருகியிருந்தன. முன்னொரு காலத்தில் யாரோ ஒருவர் அதனைச் சரிக்கட்ட முனைந்து முன் பட்டியை அளவுக்கு மீறி இறுக்கியும் இருந்தார்.

எப்போது மாறுவது என்பதைத் தீர்மானிப்பது வால்வுத் தொகுதி. காரின் வேகம் கூடக்கூட ஒரு பக்க எண்ணெய் அழுத்தம் கூடும். சாரதி அக்சிலரேட்டரை அழுத்த அழுத்த எதிர்ப்பக்க அழுத்தம் கூடும். இரண்டும் ஒரு சிறு வால்வின் இரு முனைகளிலும் மல்லுக்கட்டுகின்றன; வேகம் வென்றால் கியர் மாறும். கணினி பிறவாத காலத்தில், எண்ணெயால் சிந்தித்த இயந்திரம் இது. அந்த வால்வைத் தடுத்து நிறுத்த ஒரு நூலிழை போதும். ஆகவே பெரியவர் எந்தத் துண்டையும் துணியால் துடைக்க விடவில்லை. மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்து உலர்த்தி, பழைய பத்திரிகைத் தாள்களின் மேல் கழற்றிய ஒழுங்கிலேயே பரப்பினார்கள். நான் பல காலம் உழைத்த தொழில் இவ்வகையிலும் பயன்பட்டதில் எனக்குக் குறையில்லை.

இந்தப் பெட்டி போரும் கண்டது. 1942 முதல் அமெரிக்காவின் எம்-5 இலகு ரக டாங்கிகள் இரண்டு கடிலாக் எஞ்சின்களுடனும் இரண்டு ஹைட்ராமாட்டிக்குகளுடனும் களம் புகுந்தன. போருக்குப் பின்னர் லிங்கன், நாஷ், ஹட்சன் போன்ற போட்டியாளர்களும் இதனை விலைக்கு வாங்கினார்கள். ரோல்ஸ் ரொய்ஸ் அனுமதி பெற்றுத் தானே தயாரித்தது.

நண்பரின் காரிலுள்ள பெட்டி அநேகமாக மிச்சிகன் மாநிலத்தின் லிவோனியாவில் உருவானதாக இருக்க வேண்டும். அந்தத் தொழிற்சாலையின் முடிவைச் சொல்லாமல் இக்கதை நிறைவடையாது. 1953 ஆகஸ்ட் 12ஆந் திகதி பிற்பகல், அங்கே உலோகம் வெட்டும் சுவாலையிலிருந்து பறந்த பொறி, எண்ணெய் வடியும் தட்டு ஒன்றைப் பற்றிக்கொண்டது. 15 இலட்சம் சதுர அடிக் கட்டடம். தீயை மறிக்கும் குறுக்குச் சுவர்கள் இல்லை. பெரும்பகுதியில் நீர் தெளிப்பான்கள் இல்லை. கூரையின் தார் உருகி எரிந்தபடியே கீழே சொட்டியது. ஆறு தொழிலாளர் உயிரிழந்தனர். சாரதியின் தவறு எதையும் மன்னிக்கும் ஓர் இயந்திரத்தைச் சிந்தித்து உருவாக்கியவர்கள், அதனைச் செய்யும் மனிதரின் தலைக்கு மேலிருந்த கூரையைப் பற்றி அந்த அளவுக்குச் சிந்திக்கவில்லை. பின்னாளில் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் கூரைக்கும் தீப்பாதுகாப்புக்கும் கடுமையான விதிகள் பிறந்ததில் அந்தத் தீக்குப் பங்கு உண்டு. விதிகளைச் சாம்பலிலிருந்து எழுதுவது நமது நாட்டுக்கும் புதிதன்று.

கியர்ப்பெட்டி இன்றிக் கார்கள் தேங்கின. கடிலாக், ஓல்ட்ஸ்மொபில் கார்கள் பியூக்கின் டைனாபுளோவைக் கடன் வாங்கி ஓடின. போர்க்காலத்தில் குண்டுவீச்சு விமானங்கள் தயாரான வில்லோ ரன் தொழிற்சாலைக்கு உற்பத்தி மாற்றப்பட்டு, சில மாதங்களுக்குள் மீண்டும் தொடங்கியது. 1956இல் வந்த புதிய ஹைட்ராமாட்டிக்கில் முன் கிளச்சுக்குப் பதிலாக, நிறைந்து வடியும் ஒரு சிறு திரவ இணைப்பை வைத்து அந்த இரண்டு-மூன்று சிக்கலைத் தணித்தார்கள். வில்லோ ரன்னும் 2010இல் மூடப்பட்டது.

கராஜில் பெட்டி மீண்டும் பூட்டப்பட்டது. புதிய தட்டுகளை எண்ணெயில் ஊறவைத்து அடுக்கினார்கள். சிறு வளையங்கள் விழாதிருக்க வசிலின் தடவி ஒட்டினார்கள். மூடுவதற்கு முன் பெரியவர் ஒவ்வொரு துளையிலும் காற்றைச் செலுத்தி, கிளச் 'டக்' என்று பிடிக்கும் ஓசைக்குக் காது கொடுத்தார். ஒரு துளையில் ஓசை மந்தமாக இருந்தது. மறுபேச்சின்றி எல்லாவற்றையும் திரும்பக் கழற்றினார். புதிதாய்ப் போட்ட இறப்பர் வளையமொன்று மடிந்திருந்தது. ஒரு நாள் வேலை வீண். "காருக்குள் ஏற்றிய பிறகு தெரிந்தால் மூன்று நாள், ஐயா" என்றார் அவர்.

அவருடைய பேரன், பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில் ஒவ்வொரு துண்டையும் படம் வரைந்து இலக்கமிட்டுக்கொண்டிருந்தான். இதுபோன்ற பெட்டி இனியும் வருமா என்று கேட்டேன். "வராது" என்றார் பெரியவர் சிரித்தபடி. "ஆனால் கழற்றிய ஒழுங்கை எழுதி வைக்கும் பழக்கம் எல்லாப் பெட்டிக்கும் வேண்டும்."

மறுவாரம் நண்பர் என்னைக் காலி வீதியில் அழைத்துச் சென்றார். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். மூன்று எப்போது வந்ததென்று எனக்குத் தெரியவில்லை. நண்பருக்குத் தெரிந்திருந்தது, அவர் எதுவும் பேசவில்லை.