விருந்தாளிப் பறவைகளும் வேட்டைக்குரிய காலமும்

ஐப்பசி மழையில் ஏரிகள் நிறையத் தொடங்கியதும் சேலம், நாமக்கல் சமவெளிக்கு வடக்கிலிருந்து விருந்தாளிகள் வந்து சேர்கின்றன. நீர் நிறைந்த ஆண்டுகளில் பனமரத்துப்பட்டி, மூக்கனேரி முதலிய ஏரிகளில் கிளுவைகளும் ஊசிவால் வாத்துகளும் இறங்குகின்றன. காவிரிக் கரையின் நெல்வயல் சேற்றில் உள்ளான்கள் நீண்ட அலகால் இரை தேடுகின்றன. மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலும் நிலம் பனியால் உறையும் மாதங்களை இங்கே கழித்துவிட்டு, வெயில் ஏறுமுன் அவை தம் பிறந்த மண்ணுக்குத் திரும்புகின்றன.

நம் முன்னோருக்கு இப்பறவைகள் வெறும் காட்சிப் பொருளாக இருந்ததில்லை. காடையும் கௌதாரியும் உள்ளானும் இப்பகுதிக் குடும்பங்கள் பலவற்றின் உணவாக இருந்தன. வலையில் சிக்கிய பறவையை உயிருடன் வாங்கி, பிஸ்மில்லாஹ் கூறி அறுத்துச் சமைத்தனர். இன்று அவ்வாறு செய்வது சட்டப்படி குற்றம். பறவை ஹலாலானது, அறுக்கும் முறையும் நாம் அறிந்ததே, பின் எங்கே நேர்ந்தது தடை? இவ்வினாவுக்கு விடை காண, வேட்டைக்குக் காலமும் வரம்பும் விதிக்கப்பட்ட வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

மார்க்கம் காட்டிய வரம்பு

ஹலாலான ஒன்றுக்கும் காலத்தாலும் இடத்தாலும் தடை வரலாம் என்பது நமக்குப் புதிய செய்தியன்று. பயிற்றுவிக்கப்பட்ட வேட்டைப் பிராணி பிடித்துத் தருவதை அல்லாஹ்வின் பெயர் கூறி உண்ண அனுமதிக்கும் அதே அல்மாயிதா அத்தியாயம், இஹ்ராமில் இருப்பவருக்குத் தரைவாழ் வேட்டையைத் தடை செய்கிறது. கடல் வேட்டைக்கு அப்போதும் தடையில்லை. இஹ்ராம் முடிந்ததும் அனுமதி திரும்புகிறது. வேண்டுமென்றே வரம்பு மீறியவருக்குப் பரிகாரமும் அங்கேயே விதிக்கப்பட்டுள்ளது. கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தொலைவில் வேட்டைப் பொருளை வைத்து இறைவன் சோதிப்பதாக 94-ஆம் வசனம் கூறுவதை ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். கைக்கு எட்டாததை விட்டுவிடுவதில் சோதனை ஏது? கைக்கு எட்டியும் விட்டுவிடுவதிலேயே சோதனை அமைந்துள்ளது. மக்காவின் ஹரம் எல்லைக்குள் இத்தடை காலவரம்பற்றது. அங்குள்ள வேட்டைப் பிராணியை விரட்டுவதற்கும் அனுமதியில்லை.

குஞ்சுகளைத் தோழர்கள் எடுத்துவிட, சிறகடித்துத் தவித்த தாய்ப்பறவையைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதன் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்குமாறு பணித்த செய்தி அபூதாவூத் தொகுப்பில் உள்ளது. உயிருள்ளதை அம்புக்கு இலக்காகக் கட்டிவைத்து விளையாடியோரை இப்னு உமர் (ரலி) அவர்கள் கண்டித்ததும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. தேவைக்கான வேட்டை வேறு, வீண் கொலை வேறு என்னும் பகுப்பு நம் மார்க்கத்தில் தொடக்கம் முதலே இருந்தது.

வேடந்தாங்கலின் கௌல்

தமிழகத்தில் பறவைக் காப்பின் பழைய சான்றுகளுள் ஒன்று செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள வேடந்தாங்கல். ஏரி மரங்களில் கூடு கட்டிய பறவைகளைக் கம்பெனிச் சிப்பாய்கள் சுட்டபோது, ஊரார் ஆட்சியரிடம் முறையிட்டனர். கலெக்டர் லயனல் பிளேஸ் காலத்தில், 1798 அளவில், பறவைகளைக் காக்கும் உரிமையை ஏற்று அவர்களுக்குக் கௌல் வழங்கப்பட்டது. கௌல் என்பது சொல், வாக்கு எனப் பொருள்படும் அரபுச் சொல்லின் வழிவந்தது. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு உரமாவதை அவ்வுழவர்கள் அறிந்திருந்தனர். தம் ஊர் மரத்தில் தங்கிய உயிருக்குத் தாமே பொறுப்பு என்றும் கருதினர். சட்டங்கள் பிறப்பதற்கு வெகு முன்பே ஒரு சிற்றூர் ஆட்சியாளரிடம் வாக்குப் பெற்றது.

சட்டத்தின் தடைக்காலமும் அதன் இடைவெளியும்

19-ஆம் நூற்றாண்டில் துப்பாக்கி பெருகியது. சென்னை மாகாணத்தில் நீலகிரிக்கென 1879-இல் தனி வேட்டைச் சட்டம் வந்தது. நாடு முழுமைக்கும் 1887-இல் வந்த காட்டுப் பறவைகள் பாதுகாப்புச் சட்டம், நகராட்சி, கண்டோன்மெண்ட் எல்லைகளுக்குள் இனப்பெருக்கக் காலத்தில் பறவைகளை விற்பதையும் வைத்திருப்பதையும் கட்டுப்படுத்தியது. அதை அகற்றிவிட்டு வந்த 1912-ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொரு மாகாண அரசும் தடைக்காலம் அறிவிக்க வழி செய்தது. இன்று கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை இருப்பதைப் போன்றதே அது. தடைக்காலத்தில் கொன்றாலோ விற்றாலோ 50 ரூபாய் வரை அபராதம். மீண்டும் செய்தால் ஒரு மாதம் வரை சிறையும் உண்டு.

அச்சட்டத்தின் அட்டவணையைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். வாத்து, கௌதாரி, காடை, புறா, கொக்கு இனங்கள் அதில் உள்ளன. நம் வயல்களிலேயே முட்டையிடும் மயில் உள்ளானும் இருக்கிறது. வடக்கிலிருந்து வரும் சாதாரண உள்ளானோ இல்லை. காரணம் ஊகிக்கத்தக்கதே. தடைக்காலம் என்பது கூடு கட்டும் பருவத்தைக் காக்க எழுந்த ஏற்பாடு. வலசை வரும் பறவை இங்கே கூடு கட்டுவதில்லை. அது இங்கிருக்கும் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களே துப்பாக்கி ஏந்தியோரின் வேட்டைப் பருவமாக இருந்தன. அது கூடு கட்டும் கோடையில் இங்கே தடை அறிவித்தாலும், காப்பதற்குப் பறவை இங்கு இருப்பதில்லை. இவ்வாறு, உள்ளூர்ப் பறவையை எண்ணி எழுதப்பட்ட விதி விருந்தாளிக்குப் பெரிதும் பயன்படவில்லை.

உள்ளூர்ப் பறவையிலும் சிக்கல் இருந்தது. புள்ளிமூக்கு வாத்து வட இந்தியாவில் ஆடி, ஆவணி மழையை ஒட்டி முட்டையிடும். தென்னிந்தியாவிலோ வடகிழக்குப் பருவமழையை ஒட்டி நவம்பர், டிசம்பரில் முட்டையிடும். ஆகவே குளிர்காலத்தில் நம் ஏரியில் விழும் குண்டு, வந்த விருந்தாளியை மட்டுமன்றி அடைகாக்கும் தாயையும் வீழ்த்தக்கூடும்.

ஒரு சிறுவனின் ஐயம்

இந்நிலை மாற உழைத்தோருள் ஒரு முஸ்லிம் சிறுவனின் கதை நம் குழந்தைகளுக்குச் சொல்லத்தக்கது. 1896-இல் பம்பாயில் பிறந்து, பெற்றோரை இழந்து, தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியின் ஆதரவில் வளர்ந்தார் சாலிம் அலி. சிறு வயதில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் கழுத்தில் மஞ்சள் நிறத் திட்டு இருந்தது. வழக்கமான சிட்டுக்குருவி போல் இல்லாத இதை ஒரு முஸ்லிம் உண்ணலாமா என்னும் ஐயம் அவருக்கு எழுந்தது. வேட்டைப் பிரியரான மாமாவிடம் கேட்டார்; அவரும் அறியாமல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகச் செயலாளர் மில்லர்டிடம் அனுப்பிவைத்தார். மில்லர்டு பறவையை இனங்காட்டியதோடு, பாடம் செய்து அடுக்கிவைக்கப்பட்டிருந்த பறவைகளையும் திறந்து காட்டினார். உணவு ஆகுமா என்று கேட்கப் போன சிறுவன் இந்தியாவின் தலைசிறந்த பறவையியலாளர் ஆனார். 1959-இல் தொடங்கிய வலசை ஆய்வில், அவர் வழிகாட்டலில் ஆயிரக்கணக்கான பறவைகளின் காலில் வளையம் மாட்டப்பட்டது. ஒரு பறவை ஒரு நாட்டின் சொத்தன்று; பல நாடுகளின் பொறுப்பில் பறந்து செல்வது என்பதை இத்தகைய ஆய்வுகள் மெய்ப்பித்தன.

அவருடைய உறவினரான ஹுமாயூன் அப்துல்அலி, 1951-இல் பம்பாய் மாநிலத்தில் வந்த காட்டு விலங்கு, பறவை பாதுகாப்புச் சட்டத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றினார். அவரும் வேட்டை அறிந்தவரே.

1972, அதன்பின் 1991

1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் வேட்டையை முழுதும் நிறுத்திவிடவில்லை. சிறு வேட்டைக்கு உரிமம் வழங்கியது. வலை, நஞ்சு, செயற்கை விளக்கு, வண்டியிலிருந்து சுடுதல், இரவு வேட்டை ஆகியவற்றைக் கட்டுப்படுத்தியது. விலங்கு நீர் அருந்தும் இடத்தில் வேட்டையாடலாகாது என்ற விதியிலோ நீர்ப்பறவைக்கு விலக்கு அளித்திருந்தது. ஆக, ஏரியில் இறங்கும் வாத்துக்கு அவ்விதியிலும் காவலில்லை. 1991-ஆம் ஆண்டுத் திருத்தமே இந்நிலையை முடித்துவைத்தது. விளையாட்டுக்காகவும் உணவுக்காகவும் உரிமம் பெற்று வேட்டையாடும் வழி அடைபட்டது. பருவம் பார்க்கும் தேவையே எழாதவாறு ஆண்டு முழுவதும் தடைக்காலமாயிற்று.

சட்டத்தில் வேட்டை என்னும் சொல் கொல்வதை மட்டும் குறிப்பதன்று. கண்ணி வைத்தல், வலை விரித்தல், முட்டையையும் கூட்டையும் அழித்தல் அனைத்தும் அதில் அடங்கும். பிடிப்போருக்கு மட்டுமன்றி வாங்குவோருக்கும் அது பொருந்தும். தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை; 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை.

இத்தடையின் சுமையை மிகுதியாகத் தாங்கியோர் வலையையே வாழ்வாகக் கொண்டிருந்த நரிக்குறவர் குடும்பங்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது. பொழுதுபோக்குக்குச் சுட்டவர் துப்பாக்கியை மாட்டிவைத்துவிட்டு வேறு வேலை பார்த்தார். அவர்களுக்கு மாற்றுத் தொழில் எளிதில் கிட்டவில்லை. பறவையைக் காக்கும் சமூகம் மனிதரையும் காக்கக் கடமைப்பட்டது.

நம் அடுப்படியின் கேள்வி

இன்றும் குளிர்காலத்தில் ‘காட்டுக் காடை’, ‘ஏரி வாத்து’ என்று மறைவாகக் கூவி விற்பனை நடப்பதுண்டு. பழைய ருசியின் நினைவில் நம்முள் சிலரும் வாங்குகிறோம். கத்தியின் கூர்மையை, பெயர் கூறி அறுத்தாரா என்பதை, கழுத்து நரம்பு துண்டாயிற்றா என்பதையெல்லாம் நுணுகி விசாரிக்கிறோம். அது எங்கிருந்து, எவ்வாறு வந்தது என்று மட்டும் கேட்பதில்லை. அறுக்கும் முறையால் தூய்மை வரும்; பிடித்த முறையின் குற்றம் அதனால் நீங்காது. பொதுநலன் கருதி நாடு விதித்த தடையை மதிப்பது, நாம் கொடுத்த வாக்கைக் காப்பதன் ஒரு பகுதி. நுண்ணிய சட்ட ஐயம் எழுமாயின் நம்பத்தகுந்த ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவது நலம்.

காடைக் கறி விரும்புவோருக்கு வழி அடைபடவில்லை. 1970-களில் இந்தியாவுக்கு வந்த ஜப்பானியக் காடை இன்று பண்ணைகளில் வளர்கிறது. கோழிக்கும் முட்டைக்கும் பெயர்பெற்ற நாமக்கல் மண்ணில் வளர்ப்புப் பறவைக்கு என்ன பஞ்சம்?

வரும் கார்த்திகையில் பிள்ளைகளை ஓர் அதிகாலை, ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின், அருகிலுள்ள ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்வோம். பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்த கிளுவையைக் காட்டி, அது ஹலாலான பறவைதான் என்று சொல்லுவோம். அதை ஏன் நாம் பிடிப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுவோம். கைக்கு எட்டியதை அல்லாஹ்வுக்கு அஞ்சி விட்டுவிடுவதன் பொருள் அவர்களுக்கு அங்கே எளிதில் விளங்கும்.

அல்லாஹ் நன்கறிந்தவன்.