எழுதாமல் விட்ட காலடிகள்: பிளேஃபோர்டின் நடன நூலும் அதன் வாசகரும்

ஜான் பிளேஃபோர்ட் 1651இல் லண்டனில் வெளியிட்ட 'தி இங்கிலிஷ் டான்சிங் மாஸ்டர்' 105 நாட்டு நடனங்களைத் தருகிறது. ஒவ்வொன்றுக்கும் மேலே மெட்டின் சுரக்குறிப்பு. கீழே, ஆடுவோர் யாரைச் சுற்றி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சில வரிகள். காலை எப்படி எடுத்துவைப்பது என்பதைப் பற்றி நூல் பெரும்பாலும் பேசுவதில்லை. 'சிங்கிள்' என்றால் இரண்டு அடி, 'டபுள்' என்றால் நான்கு அடி என்ற அளவில் சிறு விளக்கம் உண்டு. ஆனால் நடனத்துக்கு நடனம் வரும் 'சைடிங்', 'ஆர்மிங்' ஆகியவை வெறும் பெயர்களாகவே நிற்கின்றன. இதைப் பதிப்பாசிரியரின் அசட்டை என்று ஒதுக்குவது எளிது. என் பார்வையில், நூல் யாருக்காக அச்சேறியது என்பதற்கு இதுவே வலுவான சான்று. இது கிராமத்து ஆட்டத்தைக் கண்டு எழுதிய பதிவன்று. ஏற்கெனவே ஆடத் தெரிந்த, எழுத்தும் சுரமும் வாசிக்கத் தெரிந்த நகரத்தாருக்கான நினைவுக்குறிப்பு.

பிளேஃபோர்டின் கடை இருந்தது இன்னர் டெம்பிளில், சட்டம் பயிலும் கனவான்களின் நடுவே. முன்னுரையும் அவர்களுடைய ஆட்டத்தையே புகழ்கிறது. திருட்டுப் பிரதி ஒன்று அச்சுக்குப் போய்விட்டதால்தான் இதை வெளியிட நேர்ந்தது என்றும் அவர் சொல்கிறார். பதிப்பாளர்களின் வழக்கமான சாக்காக இருக்கலாம். ஆனாலும், கைப்பிரதிகள் புழங்கிய வட்டத்தில்தான் அந்தச் சாக்கு செல்லுபடியாகும். அரசவையும் இந்த நடனங்களுக்குப் புதிதல்ல. 1602இலேயே எலிசபெத் அரசியின் முன் நாட்டு நடனங்கள் ஆடப்பட்டதை வூஸ்டர் பிரபுவின் கடிதம் காட்டுகிறது. 1662 டிசம்பர் 31 அன்று ஒயிட்ஹால் அரண்மனையில் இரண்டாம் சார்லஸ் தானே கேட்டு ஆடவைத்த நடனத்தைச் சாமுவேல் பீப்ஸ் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அது பிளேஃபோர்டின் முதற்பதிப்பிலேயே இருக்கிறது.

காலடிகளை எழுதும் முறை அன்று இல்லை என்று மறுப்பார்கள். குறியீட்டு முறை நடன ஆசிரியர் ஃபாய்யே வழியாக 1700இல்தான் அச்சில் வந்தது என்பது உண்மை. ஆனால் பிரான்சில் துவானோ ஆர்போ 1580களின் இறுதியிலேயே மெட்டின் ஒவ்வொரு சுரத்துக்கும் நேரே காலசைவைச் சொற்களால் எழுதிக்காட்டிவிட்டார். வழி இருந்தது, லண்டன் வாசகருக்குத் தேவைதான் இருக்கவில்லை. இன்னொரு மறுப்பு கனமானது: மெட்டுகளில் பல தெருப்பாடல்களிலும் ஒலித்தவை, ஆகவே நடனமும் மக்களுடையதே என்பது. மெட்டு எந்த வாயிலிருந்து வந்தது என்பது வேறு, அதன்மேல் ஜோடிகளின் நகர்வைக் கோத்தவர் யார் என்பது வேறு. கிராமங்களில் ஆட்டமே இல்லை என்று நான் வாதிடவில்லை. இரு பக்கமும் கொடுக்கல் வாங்கல் இருந்திருக்கும். அந்தக் கிராமத்து ஆட்டத்துக்குப் பிளேஃபோர்டைச் சாட்சிக்கு அழைக்க முடியாது என்பதே வாதம்.

நாட்டார் நடனச் சேகரிப்பாளர் செசில் ஷார்ப் அழைத்தார். 1911இல் இந்நூலின் நடனங்களை மறுவாழ்வுக்குக் கொண்டுவந்தபோது அவற்றை நாட்டார் மரபாகவே கண்டார். நூல் சொல்லாத 'சைடிங்'குக்கு ஜோடிகள் வளைந்து கடந்து திரும்பும் ஒரு வடிவத்தைத் தாமே ஊகித்துத் தந்தார். பிற்கால ஆய்வாளர்கள் பலர், எதிரெதிரே முன்வந்து பின்வாங்கும் எளிய நகர்வே பொருத்தம் என்கிறார்கள். ஷார்ப்பின் வளைவோ இன்றும் ஆடரங்குகளில் அவர் பெயராலேயே ஆடப்படுகிறது.