நூற்றுக்கு நூற்றுப்பத்து!

இயற்பியல் தேர்வில் ஒரு கணக்கு. ஓர் இயந்திரத்துக்கு நாம் கொடுத்த ஆற்றல் எவ்வளவு, அது செய்த பயனுள்ள வேலை எவ்வளவு என்ற இரு விவரங்களும் தரப்பட்டுள்ளன. அதன் பயனுறுதிறனைக் கண்டறிய வேண்டும். மாணவர் ஒருவர் 110 சதவீதம் என்று விடை எழுதுகிறார். திருத்துபவர் என்ன செய்வார்? வழிமுறையைப் படிக்கும் முன்பே சிவப்பு மையால் குறுக்குக் கோடு போடுவார். கொடுத்ததைவிட அதிகமாகத் திருப்பித் தரும் இயந்திரம் உலகில் இல்லை. அப்படி ஒன்று இருக்குமானால் ஆற்றல் அழிவின்மை விதியே பொய்யாகிவிடும்.

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரிக்கு மேலாண்மைப் பயிற்சி வகுப்பு ஒன்றின் விளம்பரத் தாள் வந்தது. 'உங்கள் ஊழியர்களின் செயல்திறனை 110 சதவீதம் ஆக்குங்கள்! உற்பத்தியில் குவாண்டம் பாய்ச்சல் காணுங்கள்!' என்று அதில் அச்சாகியிருந்தது. குவாண்டம் பாய்ச்சலைக் கண்டு எனக்குச் சிரிப்பு வந்தது. ஹைடிரஜன் அணுவில் எலெக்ட்ரான் முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்குத் தாவ 10.2 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் போதும். பறந்து செல்லும் கொசுவின் இயக்க ஆற்றல் இதைப்போல ஏறக்குறைய பத்தாயிரம் கோடி மடங்கு! அத்தனை சிறிய தாவலைத்தான் அந்த நிறுவனம் பெருமையோடு வாக்களிக்கிறது.

ஆனால் '110 சதவீதம்' என்பதைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. பயனுறுதிறன், செயல்திறன் ஆகிய இரண்டுக்கும் ஆங்கிலத்தில் 'எஃபிஷியன்சி' என்ற ஒரே சொல்தான். அந்தச் சொல் பொறிகளின் உலகிலிருந்து மனிதர்களின் உலகிற்குக் குடிபெயர்ந்தபோது நடந்தவை வெறும் மொழிப் பிழைகள் அல்ல. அந்த வரலாற்றைத்தான் இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

சொல்லுக்குப் பொருள் கிடைத்த இடம்

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆலைகள் பல நீர்ச் சக்கரங்களால் ஓடின. நீர் சக்கரத்தின் உச்சியில் விழுவது நல்லதா, அடியில் மோதுவது நல்லதா என்பதில் பொறியாளர்களிடையே கருத்து வேற்றுமை இருந்தது. ஜான் ஸ்மீட்டன் என்பவர் சிறிய மாதிரிச் சக்கரங்களைச் செய்து சோதித்தார். விழுந்த நீரின் எடையையும் உயரத்தையும் ஒருபுறம் கணக்கிட்டார். சக்கரம் தூக்கிய எடையையும் உயரத்தையும் மறுபுறம் கணக்கிட்டார். 1759இல் அவர் வெளியிட்ட முடிவு தெளிவானது: ஒரே அளவு நீரும் ஒரே வீழ்ச்சியும் இருந்தால், மேலிருந்து நீர் விழும் சக்கரம் மற்றதைப்போல் சுமார் இரண்டு மடங்கு பயன் தரும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கோட்டுக்கு மேலே எடையும் உயரமும். கோட்டுக்குக் கீழேயும் எடையும் உயரமும். இரண்டும் ஒரே இனம், ஒரே அலகு. ஆகவேதான் ஒன்றை மற்றொன்றால் வகுக்க முடிகிறது. விடை ஒன்றைத் தாண்டாது என்றும் உறுதியாகச் சொல்ல முடிகிறது.

1824இல் பிரான்சு நாட்டு இளைஞர் சாடி கார்னோ இன்னும் ஒரு படி மேலே சென்றார். வெப்ப இயந்திரம் எவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டாலும், அதன் பயனுக்கு வெப்பநிலைகளால் விதிக்கப்பட்ட ஓர் எல்லை உண்டு என்று காட்டினார். பின்னர் வகுக்கப்பட்ட வாய்பாட்டின்படி, 200 டிகிரி செல்சியசில் வெப்பத்தைப் பெற்று 30 டிகிரியில் வெளியேற்றும் இயந்திரம் 36 சதவீதத்தைத் தாண்டவே முடியாது. பயனுறுதிறன் என்ற கருத்தின் பெருமையே இதுதான். எது முடியும் என்பதோடு, எது முடியாது என்பதையும் அது சொல்கிறது.

மனிதனும் ஓர் இயந்திரமா?

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். பிரெடரிக் வின்சுலோ டெய்லர் 1856இல் பிலடெல்பியாவில் பிறந்தவர்; எந்திரப் பொறியாளர். மிட்வேல் எஃகு ஆலையில் பணியாற்றியபோது, 1881இல் அவருக்கு ஓர் ஐயம் எழுந்தது. நல்ல தொழிலாளி ஒருவர் ஒரு நாளில் எத்தனை குதிரைத்திறன் அளவுக்கு உழைக்க முடியும்? உடல் வலிமை மிக்க இருவரைத் தேர்ந்து, இரட்டைக் கூலி கொடுத்து, அவர்கள் செய்த ஒவ்வொரு வேலையையும் அடி-பவுண்டு அலகில் கணக்கிட்டார்.

விடை அவரை ஏமாற்றியது. ஒரு வகை வேலையில் குதிரைத்திறனில் எட்டில் ஒரு பங்கு செய்ததுமே ஆள் களைத்துப் போனார். வேறு வகை வேலையில் அரைக் குதிரைத்திறன் செய்தும் அதே அளவுதான் களைத்தார். இயற்பியல் சொல்லும் வேலைக்கும் உடல் உணரும் களைப்புக்கும் நிலையான தொடர்பு எதுவும் இல்லை. டெய்லர் இதைத் தம் நூலில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும்.

இதில் வியப்பில்லை. ஒருமுறை வகுப்பில் நான், "மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சமதளத்தில் நடப்பவர் மூட்டையின் மீது செய்யும் வேலை சுழியம்" என்று விளக்கினேன். ஈர்ப்பு விசை கீழ்நோக்கி, நகர்வு பக்கவாட்டில்; இரண்டும் செங்குத்து. வகுப்பு சிரித்தது. கடைசி வரிசையில் ஒரு மாணவர் மட்டும் சிரிக்கவில்லை. "ஐயா, எங்கள் அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். சாயங்காலம் அவருக்கு முதுகு வலிப்பது எதனால்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. சுமையை அசையாமல் தாங்கி நிற்கும்போதும் தசை இழைகள் ஓயாமல் சுருங்குகின்றன. அதற்கு வேதி ஆற்றல் செலவாகி வெப்பமாக மாறுகிறது. சுமை உயராததால் இயற்பியல் ஏட்டில் வரவு வைக்க ஒன்றுமில்லை; செலவோ உடலின் கணக்கில் ஏறிக்கொண்டே போகிறது. மேசை ஒன்று மூட்டையைத் தாங்க எந்தச் செலவும் செய்வதில்லை. மனிதர் மேசை அல்ல.

1,156 பாளங்கள்

1899இல் டெய்லர் பெத்லகெம் எஃகு ஆலையில் இருந்தார. அங்கே உலையிலிருந்து வடித்த இரும்புப் பாளங்கள் மலையாகக் குவிந்திருந்தன. ஒவ்வொன்றும் 92 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 42 கிலோகிராம். தொழிலாளி ஒரு பாளத்தைக் குனிந்து எடுத்து, சாய்வுப் பலகை மீது ஏறி, சரக்கு ரயில் பெட்டியில் போட வேண்டும். அதுவரை ஓர் ஆள் ஒரு நாளில் 12½ டன் ஏற்றிவந்தார். அதை 47½ டன்னாக உயர்த்தியதாக டெய்லர் 1911இல் வெளியான தம் நூலில் எழுதினார். 'ஷ்மிட்' என்று அவர் பெயரிட்டு அழைத்த தொழிலாளியின் உண்மைப் பெயர் ஹென்றி நோல். அவருடைய கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்தது.

நாமும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 47½ டன் என்பது 1,156 பாளங்கள். ஒவ்வொரு முறையும் பாளமும், சுமார் 60 கிலோகிராம் எடையுள்ள உடலும் 1 மீட்டர் உயர்வதாகக் கொள்வோம். மொத்த வேலை சுமார் 11½ லட்சம் ஜூல். இதைப் பத்து மணி நேரத்துக்குப் பகிர்ந்தால் கிடைப்பது 32 வாட். ஒரு 40 வாட் பல்பை எரிக்கக்கூட இது போதாது! குதிரைத்திறனில் இருபத்துமூன்றில் ஒரு பங்குதான். ஆனால் இந்த '32 வாட்' வேலையைத் தாக்குப்பிடித்தவர்கள் எட்டுப் பேரில் ஒருவரே என்று டெய்லரே எழுதுகிறார்.

47½ என்ற எண் எப்படிக் கிடைத்தது? நூலில் 'விதி' என்ற சொல் வருகிறது. 92 பவுண்டு பாளம் தூக்குபவர் நாளில் 43 சதவீத நேரமே சுமையோடு இருக்கலாம். மீதி 57 சதவீதம் சுமையின்றி இருக்க வேண்டும் என்பதே அவ்விதி. படிக்கும்போது நியூட்டன் விதியைப் படிப்பது போலவே தோன்றும். ஆனால் சார்லஸ் ரேகி, அமேதியோ பெரோனி ஆகிய இரு ஆய்வாளர்கள் ஆலையின் பழைய ஆவணங்களைத் தேடிப் படித்து 1974இல் வேறு செய்தியை வெளியிட்டார்கள். வலுவான சிலரைப் பொறுக்கி எடுத்து, முழு வேகத்தில் ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பெட்டியை நிரப்பக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த வேகத்தை நாள் முழுவதற்கும் பெருக்கி, ஓய்வுக்கும் தாமதத்துக்குமாகச் சுமார் 40 சதவீதத்தைக் கழித்திருக்கிறார்கள். விளைவுதான் அந்த எண்.

ஆய்வுக்கூடத்தில் ஊசலின் அலைவு நேரத்தைக் காண நீங்கள் ஒரே ஓர் அலைவை அளந்து விட்டுவிடுவீர்களா? நூறு மீட்டர் ஓட்ட வீரரின் வேகத்தைப் பெருக்கி, அவர் மாலைக்குள் எந்த ஊரை அடைவார் என்று சொல்வீர்களா? 40 சதவீதம் ஏன்? 30 ஏன் கூடாது, 60 ஏன் கூடாது? அளவீடு எதுவும் அதைச் சொல்லவில்லை, மேலாளர்கள் சொன்னார்கள்.

டெய்லரின் ஆய்வுகள் எல்லாமே இப்படிப்பட்டவை என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு முறை அள்ளும் சுமை 21 பவுண்டாக இருந்தால் நாள் முழு உழைப்பும் சிறக்கும் என்று கண்டு, கனமான தாதுவுக்குச் சிறிய மண்வாரி, லேசான சாம்பலுக்குப் பெரிய மண்வாரி என்று அவர் மாற்றியது பயனுள்ள சோதனைதான். ஆனால் அதே டெய்லர்தான் இரும்பு சுமப்பவரின் அறிவை மாட்டின் அறிவோடு ஒப்பிட்டு எழுதினார். அந்த நோலோ, வேலை முடிந்ததும் தமக்கென்று ஒரு வீட்டைத் தாமே கட்டிக்கொண்டிருந்தவர்!

அறிவியல் என்ற முத்திரை

டெய்லர் தம் முறையை முதலில் அறிவியல் என்று அழைக்கவில்லை. 1903இல் அவர் அளித்த ஆய்வுரையின் பெயர் 'பட்டறை மேலாண்மை' என்பதே. 1910இல் அமெரிக்க ரயில் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்த அனுமதி கேட்டன. எதிர்த்து வாதாடிய வழக்கறிஞர் லூயி பிராண்டைஸ், டெய்லரின் நண்பர்களோடு கலந்து பேசி, வழக்குக்கு ஏற்ற பெயர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். 'அறிவியல் மேலாண்மை' என்பது அப்பெயர். ஹாரிங்டன் எமர்சன் என்ற பொறியாளர் சாட்சிக் கூண்டில் நின்று, இம்முறையால் ரயில் நிறுவனங்கள் நாள்தோறும் 10 லட்சம் டாலர் மிச்சப்படுத்தலாம் என்றார். மறுநாள் செய்தித்தாள்கள் அதைக் கொண்டாடின. வீடு, பள்ளி, மாதாகோவில் என்று எங்கும் 'எஃபிஷியன்சி' மோகம் பரவியது.

இந்த எமர்சனின் கூலித் திட்டத்தில்தான் நம் தலைப்புக்கு விடை இருக்கிறது. ஒரு வேலைக்கு 11 மணி நேரம் என்று நிர்வாகம் நிர்ணயிக்கிறது. தொழிலாளி 10 மணி நேரத்தில் முடிக்கிறார். பதினொன்றைப் பத்தால் வகுத்தால் 110 சதவீதம்! நூறு சதவீதத்தை எட்டியவருக்குக் கூலியில் 20 சதவீதம் ஊக்கத்தொகை. அதற்கு மேல் ஏற ஏற, தொகையும் ஏறும்.

ஸ்மீட்டன் கோட்டுக்குக் கீழே எழுதியது விழுந்த நீர், இயற்கை கொடுத்தது. எமர்சன் எழுதியது நிர்ணயித்த நேரம், அலுவலகம் கொடுத்தது. நாளை அந்த 11 மணி 9 மணியாகக் குறைக்கப்பட்டால், அதே ஆள், அதே உழைப்பு, ஆனால் செயல்திறன் 90 சதவீதம். நீர்ச் சக்கரத்தை இப்படி ஓர் ஆணை போட்டு மட்டமாக்க முடியாது.

கடிகாரத்தை எதிர்த்து

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் அமெரிக்க அரசின் படைக்கலத் தொழிற்சாலை இருந்தது. 1911 ஆகஸ்டில் அதன் வார்ப்படப் பட்டறைக்குள் நிறுத்துக் கடிகாரத்தோடு ஆள் வந்தபோது, தொழிலாளி ஒருவர் தம்மை அளக்க மறுத்தார். தோழர்கள் அவரோடு வெளியேறினார்கள். வேலைநிறுத்தம் ஒரு வார காலமே நீடித்தது. ஆனால் அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணைக் குழு அமைத்து, டெய்லரையே அழைத்துக் கேட்டது.

அடுத்து, ராபர்ட் ஹாக்ஸி என்ற பொருளியல் பேராசிரியர் பல ஆலைகளை நேரில் ஆராய்ந்து 1915இல் அறிக்கை வெளியிட்டார். கடிகாரம் காட்டுவது துல்லியமே. ஆனால் யாரை அளப்பது, எத்தனை முறை அளப்பது, எவ்வளவு சலுகை சேர்ப்பது என்பவை அளப்பவரின் மனப்போக்கைப் பொறுத்தவை என்று அவர் கண்டார். அதே ஆண்டு, படைக்கலத் தொழிற்சாலைகளில் நிறுத்துக் கடிகாரத்தால் தொழிலாளரை அளக்கவும் ஊக்கக்கூலி தரவும் அரசுப் பணத்தைச் செலவிடக் கூடாது என்று காங்கிரஸ் விதித்தது. அத்தடை 1949 வரை நீடித்தது.

கதை அங்கே முடியவில்லை. இன்றைய பெருங்கிடங்குகளில் தொழிலாளியின் கையில் உள்ள கருவியே நொடிகளை எண்ணுகிறது. 2021இல் கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. கிடங்குத் தொழிலாளிக்கு விதிக்கப்படும் அளவை அவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உணவு இடைவேளையையும் கழிப்பறைக்குச் செல்வதையும் தடுக்கும் அளவு செல்லாது என்று அது கூறுகிறது. கோட்டுக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கும் உரிமை, நூறாண்டுக்குப் பின்னும் சட்டம் போட்டுத்தான் பெற வேண்டியிருக்கிறது.

மாணவ நண்பர்களே! ஒரு துறைச் சொல் வேறு துறைக்குப் போவதில் குற்றமில்லை. 'வேலை' என்ற நம் சொல்லையே இயற்பியல், வயலிலிருந்தும் பட்டறையிலிருந்தும்தான் கடன் வாங்கியது. ஆனால் வாங்கியபின் அதற்கு வரையறை தந்தது, அலகு தந்தது, எல்லை தந்தது. வணிக மொழி கடன் வாங்கும்போது இம்மூன்றையும் விட்டுவிட்டு மதிப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அறிவியல் சொன்னது என்றால் யார் எதிர்த்துப் பேசுவார்?

நீங்கள் பேசலாம். உங்களுக்கு நாளை ஒரு சதவீதம் காட்டப்படும். உங்கள் உழைப்பின் செயல்திறன் இது என்பார்கள். எதை எதனால் வகுத்தீர்கள், கீழே உள்ள எண்ணை யார் வைத்தார், எந்தச் செலவு கணக்கில் சேரவில்லை என்று பணிவோடு கேளுங்கள். இயற்பியல் வகுப்பில் கற்றதைத்தான் கேட்கிறீர்கள்.

அன்று கடைசி வரிசையிலிருந்து எழுந்த மாணவரும் அதைத்தான் கேட்டார். மூட்டைக்குச் செய்த வேலை சுழியம் என்ற என் விடை சரியானதே. அவருடைய தந்தையின் முதுகு அந்தக் கணக்கில் சேரவே இல்லை என்பதையும் நான் அதே மூச்சில் சொல்லியிருக்க வேண்டும். இப்போதெல்லாம் சொல்கிறேன்.