தலைமடையும் கடைமடையும்



ஓர் ஆற்றைப் பற்றிப் பாடநூல்கள் மூன்று செய்திகளைத் தவறாமல் கூறும். அது பிறக்கும் மலை எது, பாயும் நாடு எது, கலக்கும் கடல் எது என்பனவே அவை. நான்காவதாக ஒரு செய்தியும் உண்டு. அந்த ஆற்றிலே யார் எதனை விடுகின்றனர், அதனை யார் குடிக்கின்றனர் என்பதே அது. வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியன் என்ற முறையில் இந்த நான்காவது செய்தியைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

என் ஊர் மணலூர்பேட்டை. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், தென்பெண்ணையாற்றின் தென்கரையில் உள்ள சிற்றூர். கர்நாடகத்து நந்திமலைப் பகுதியிலே தோன்றும் இவ்வாறு, பெங்களூரின் கிழக்குப் புறத்தைத் தொட்டுக்கொண்டு தமிழகத்துக்குள் நுழைகிறது. ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையிலும், பின்னர்க் கிருஷ்ணகிரி அணையிலும், 1958இல் கட்டி முடிக்கப்பெற்ற சாத்தனூர் அணையிலும் தங்கி இளைப்பாறி எங்கள் ஊருக்கு வருகிறது. பிறகு திருக்கோவலூரைக் கடந்து கடலூருக்கு அருகே கடலிற் கலக்கிறது. தைத் திங்களில் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் எங்கள் ஆற்றுக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வார். சுற்றுவட்டார மக்கள் யாவரும் அன்று மணலிலே கூடுவர். என் இளமையில் அந்த மணலில் கையால் ஊற்றுத் தோண்டித் தெளிந்த நீரை அள்ளிக் குடித்தோம். ஆற்றைத் தாய் என்று அழைப்பது எங்களுக்கு வெறும் உபசார வார்த்தையன்று.

எங்கள் ஊருக்கு அருகிலே ஜம்பை என்னும் சிற்றூர் உளது. அங்குள்ள குன்றிலே, 1981இல் ஒரு பழந்தமிழ்க் கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி துறவிகள் தங்குவதற்கு அளித்த உறைவிடத்தைப் பற்றியது அது. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அஃதாவது, ஆற்றின் மேற்பகுதியை ஆண்ட மன்னன் ஒருவன் கீழ்ப்பகுதியில் விட்டுச் சென்ற கொடை அது. அதியமான் திருக்கோவலூர்மீது படையெடுத்தவனே என்பதும் வரலாறு. போரிட்டவனும் கொடையை விட்டுச் சென்றான். மேற்புறத்தார் இன்று கீழ்ப்புறத்தாருக்கு எதனை அனுப்புகின்றனர் என்று கேட்கும்போதுதான் நம் உள்ளம் வருந்துகிறது.

பெங்களூரின் பெல்லந்தூர் ஏரியைப் பற்றி நீங்கள் செய்தித்தாள்களில் படித்திருக்கலாம். ஒருகாலத்தில் வயல்களுக்குப் பாய்ந்த ஏரி அது. நகரம் பெருகப் பெருக, வீடுகளின் சாக்கடையும் தொழிற்கூடங்களின் கழிவும் அதனை நிரப்பின. 2015ஆம் ஆண்டு அந்த ஏரியின் நுரை தீப்பற்றி எரிந்தது. நீர் எரிந்தது என்றால் முன்னோர் நம்பியிருப்பரோ? பெல்லந்தூரிலிருந்து வழியும் நீர் வர்த்தூர் ஏரியை அடைந்து, அங்கிருந்து தென்பெண்ணையிற் சேர்கிறது. கெலவரப்பள்ளி அணையின் மதகுகள் திறக்கப்படும்போது வெண்ணிற நுரை மலைபோல எழுந்து வயல்களையும் பாதைகளையும் மூடும் காட்சி பல ஆண்டுகளாகக் காணப்பட்டு வருவதாகும்.

இந்த நுரை எப்படி உண்டாகிறது? சோப்பிலும் சலவைத் தூளிலும் நுரைக்கும் இயல்புள்ள பொருள்கள் உள்ளன. தூய்மை செய்யப்படாத சாக்கடையோடு அவை நீரிற் கலக்கின்றன. மதகிலிருந்து நீர் வீழ்கையில் காற்றுப் புகுந்து நுரை பொங்குகிறது. சாக்கடையில் உள்ள அழுகும் பொருள்களை நுண்ணுயிர்கள் உண்ணும்போது நீரிற் கரைந்துள்ள உயிர்வளியும் செலவாகிறது. ஆகவே மீன்கள் மூச்சு முட்டி மடிகின்றன. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஆலை முதலாளி ஒருவரை மட்டும் சுட்டிக்காட்டி இக்குற்றத்தை முடித்துவிட இயலாது. இலட்சக்கணக்கான வீடுகளின் சலவை வாளியும் இதில் பங்கு பெற்றிருக்கிறது. 2018 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், பெல்லந்தூர் ஏரியின் நிலைக்காகக் கர்நாடக அரசு 50 கோடி ரூபாயும் பெங்களூர் மாநகராட்சி 25 கோடி ரூபாயும் செலுத்துமாறு ஆணையிட்டது. அரசும் ஊராட்சி மன்றங்களும்கூடப் பொறுப்பாளிகளே என்பதை அந்த ஆணை காட்டிற்று.

1892இல் சென்னை மாகாணத்திற்கும் மைசூர் சமஸ்தானத்திற்கும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. தென்பெண்ணையும் அதில் இடம்பெற்ற ஆறுகளுள் ஒன்று. மேற்புறத்தார் புதிதாக அணையும் ஏரியும் கட்டும்போது கீழ்ப்புறத்தாரின் உரிமை குறையலாகாது என்பதே அதன் நோக்கம். எவ்வளவு நீர் என்பதே அன்றைய கவலை. எத்தகைய நீர் என்பது எவருடைய எண்ணத்திலும் எழவில்லை. நீரின் அளவைப் பற்றி வழக்காட நாம் நூறாண்டுகளுக்கு மேலாகப் பழகியிருக்கிறோம். அதன் தூய்மையைப் பற்றிப் பேசுவதற்கு இப்பொழுதுதான் கற்றுக்கொள்கிறோம்.

இத்துன்பம் நமக்கு மட்டும் வந்ததன்று. தொழில் வளர்ந்த நாடுகள் யாவும் இவ்வழியே நடந்தவைதாம். 1858ஆம் ஆண்டுக் கோடையில் இலண்டன் மாநகரத்துத் தேம்ஸ் ஆறு தாங்கொணா நாற்றம் எடுத்தது. ஏழைகள் வாந்திபேதியால் மாண்டபோது விரைவு காட்டாத பாராளுமன்றம், அந்த நாற்றம் தன் சன்னல்களுக்குள் நுழைந்தபோது விரைந்து சட்டம் இயற்றிற்று. ஜோசப் பசால்கெட் என்னும் பொறியாளர் நகருக்கு அடியில் பெருஞ்சாக்கடைகளை அமைத்தார். ஜப்பானில் மினமாட்டா என்னும் கடற்கரை ஊரில், ஓர் இரசாயனத் தொழிற்சாலையின் கழிவில் கலந்திருந்த பாதரசம் மீன்களின் வழியே மீனவர் உடலிற் புகுந்தது. 1956இல் அந்நோய் கண்டறியப்பட்டது. எனினும் 1968 வரையில் கழிவு கடலிற் கலந்துகொண்டேயிருந்தது. நாடு முன்னேறும் நேரத்தில் ஆலையை நிறுத்தலாமா என்னும் தயக்கமே அப்பன்னிரண்டு ஆண்டுகளையும் விழுங்கியது.

நம்பிக்கை தரும் சான்றும் உண்டு. ஐரோப்பாவின் ரைன் ஆறு பல நாடுகளினூடே பாய்வது. அதனைக் காப்பதற்கென 1950இலேயே அந்நாடுகள் கூடி ஓர் ஆணையத்தை அமைத்தன. 1986 நவம்பர் முதல் நாள், சுவிட்சர்லாந்தின் பேசல் நகருக்கு அருகே ஒரு கிடங்கு தீப்பற்றியது. தீயணைத்த நீரோடு நஞ்சு ஆற்றிற் கலந்து, மீன்கள் பெருந்தொகையாக மடிந்தன. அடுத்த ஆண்டே அந்நாடுகள் ஒரு செயல்திட்டத்தை வகுத்தன. அற்றுப்போயிருந்த சால்மன் மீன் 2000ஆம் ஆண்டுக்குள் ஆற்றுக்குத் திரும்ப வேண்டும் என்பதை இலக்காகக் கொண்டன. மீனும் திரும்பியது. மொழி வேறு, கொடி வேறு, முன்னாளிற் பகையும் கொண்ட நாடுகள் செய்ததை, ஒரே அரசியற் சட்டத்தின்கீழ் வாழும் இரு மாநிலங்கள் செய்ய இயலாதா?

இனி உலக அரங்கைச் சற்று நோக்குவோம். 1972இல் ஸ்டாக்ஹோம் நகரில் சுற்றுச்சூழல் பற்றிய ஐக்கிய நாடுகள் மாநாடு கூடிற்று. அங்கே இந்தியப் பிரதமர் இந்திரா காந்தி, வறுமையை மறந்துவிட்டுச் சூழலைக் காக்க முடியாது என்ற கருத்தை வலியுறுத்தினார். 1992இல் பிரேசில் நாட்டின் ரியோ நகரில் கூடிய மாநாடு ஒரு நெறியை வகுத்தது. பூமியைக் காக்கும் பொறுப்பு எல்லா நாடுகளுக்கும் பொது. ஆயினும் அப்பொறுப்பின் அளவு வேறு வேறு என்பதே அந்நெறி. நெடுங்காலம் புகை கக்கிச் செல்வம் சேர்த்த நாடு கூடுதலாகச் சுமக்க வேண்டும். இப்பொழுதுதான் எழுந்து நிற்கும் நாடு தன் ஆற்றலுக்கேற்பச் சுமக்க வேண்டும். இது நியாயமே.

ஆயினும் இந்த நியாயத்தின் நிழலிலே ஓர் அநியாயம் ஒளிந்துகொள்ளக் கூடும். “நாம் வளரும் நாடு, ஆகவே சற்று மாசு இருந்தாற் பாதகமில்லை” என்று கூறும் ஒருவன், அந்த மாசைத் தன் வீட்டுக் கிணற்றில் விடுவதில்லை. மற்றொருவன் கிணற்றிலேதான் விடுகிறான். உலகத்தாரிடம் நாம் கேட்கும் நீதியை நம் அயலூராருக்கு நாம் வழங்குகிறோமா என்பதுதான் கேள்வி.

பாலாற்றின் வரலாறு இதனை விளக்கும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களிற் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலமாக நடைபெறுவது. முன்னாளில் ஆவாரம்பட்டை போன்ற மரப்பொருள்களைக் கொண்டு வாரக்கணக்கில் தோலை ஊறவைத்தனர். பின்னர் விரைவாக வேலை முடிக்கும் குரோமிய உப்புகள் வந்தன. அயல்நாட்டாரின் காலணிக்கும் கைப்பைக்கும் தோல் ஏற்றுமதியாயிற்று. நாட்டுக்கு அந்நியச் செலாவணி கிடைத்தது. பதனிட்ட நீரோ, உப்பும் குரோமியமும் சுமந்து வயலிலும் ஆற்றிலும் தங்கிற்று. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்ற ஆய்வு உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த அவ்வழக்கில், 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பு வழங்கப்பட்டது. தீங்கு வருமுன் காத்தல் கடமை. மாசு செய்தவரே ஈடு கொடுத்தலும் கெட்ட நிலத்தைச் சீர்செய்தலும் வேண்டும் என்னும் இரு கொள்கைகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று நீதிபதிகள் உரைத்தனர். தோல் தொழில் அந்நியச் செலாவணி ஈட்டுவது உண்மை. அதற்காகச் சூழலை அழிக்கும் உரிமை அதற்கில்லை என்றும் கூறினர். உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் எடுத்துப் பேசப்படும் தீர்ப்பு அது. எனினும், இழப்பீடு பெறாதவர்களுக்கு அதனை வழங்குமாறு 2025 ஜனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. வழக்குத் தொடுத்த ஆண்டில் ஐந்தாம் வகுப்பிற் படித்த சிறுவன் இன்று நாற்பதைக் கடந்திருப்பான். தீர்ப்பு வேறு, நீதி வேறு என்பதை மாணவர்கள் இதிலிருந்து உணர வேண்டும்.

பொறுப்பைப் பகிர்ந்துகொள்வது நமக்குப் புதிதன்று. உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகின்றன. பத்தாம் நூற்றாண்டிலேயே ஊரார் நீர்நிலையைக் காக்கத் தனிக்குழு அமைத்திருந்தனர். ஏரியைத் தூர் எடுப்பதும் கரையைப் பலப்படுத்துவதும் குடிமராமத்து என்று வழங்கின. பாசன நிலம் உடையவர் அதற்கேற்ப ஆள் அனுப்பினர். நிலம் மிகுந்தவர் மிகுதியாகவும், குறைந்தவர் குறைவாகவும் உழைப்பைத் தந்தனர். ஆங்கிலேய அரசு 1858இல் இவ்வழக்கத்தைச் சட்டமாகவே எழுதிற்று. ‘பொறுப்பு பொது, அளவு வேறு’ என்று ரியோவில் எழுதப்பெற்ற நெறி, நம் ஏரிக்கரையில் மண்வெட்டியால் முன்பே எழுதப்பட்டிருந்தது. தலைமடைக்காரர் கதவை அடைத்துக்கொண்டால் கடைமடை காயும் என்பதை அறிந்திருந்த ஊர்கள் அவை. குறைகள் அக்காலத்திலும் இருந்தன. உழைப்பின் சுமை எளியோர் தோளிலே கூடுதலாக விழுந்ததும் உண்டு. ஆகவே பழமையை அப்படியே வேண்டுவது என் கருத்தன்று. அதன் அடிப்படையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

அந்த அடிப்படையிலே இன்றைய பங்கைப் பிரித்துப் பார்ப்போமா? பொருளை விற்று இலாபம் காணும் ஆலை, கழிவைத் தூய்மை செய்யும் செலவைப் பொருளின் விலையிலே சேர்க்க வேண்டும். அப்பொருளை வாங்குவோர், அயல்நாட்டாராயினும் உள்நாட்டாராயினும், அவ்விலையைக் கொடுக்க வேண்டும். மலிவு வேண்டும் என்போர் அம்மலிவின் மறுபாதியை யாரோ ஒரு குடியானவன் செலுத்துகிறான் என்பதை அறிதல் வேண்டும். நகராட்சிகள் சாக்கடையைச் சுத்தம் செய்யாமல் ஆற்றில் விடலாகாது. அரசினர் ஆய்வு செய்து, முடிவை மக்கள் அறிய வெளியிட வேண்டும். 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்திலேயே, அண்டை மாநிலங்கள் உடன்பட்டுக் கூட்டு வாரியம் அமைத்துக்கொள்ள வழி வகுக்கப்பட்டுள்ளது. ஒரே ஆற்றின் கரைகளில் வாழ்வோருக்கு அதனினும் பொருத்தமான வழி வேறெது?

எங்கள் பங்கும் உண்டு. கள்ளக்குறிச்சி வட்டாரத்து இளைஞர் பலர் பெங்களூரிலும் திருப்பூரிலும் கட்டட வேலைக்கும் பட்டறை வேலைக்கும் சென்று குடும்பத்தைக் காக்கின்றனர். அந்நகரங்களின் தொழில் நின்றால் எங்கள் வீட்டு அடுப்பும் அணையும். ஆகவே ஆலைகளை மூடிவிடுங்கள் என்று நான் கூறமாட்டேன். மகன் அனுப்பும் பணமும் அவன் ஊருக்கு வரும் நஞ்சும் ஒரே திசையிலிருந்து வரலாகாது என்றே கேட்கிறேன். மேலும், திருவிழா முடிந்த மறுநாள் எங்கள் ஆற்று மணலைப் பார்த்தால் பிளாஸ்டிக் பைகள் பரந்து கிடக்கின்றன. அவை திருக்கோவலூருக்கும் கடலூருக்கும் எங்கள் ஊரிலிருந்தே செல்கின்றன. பெங்களூருக்கு நாம் கடைமடை. கடலூருக்கோ நாம் தலைமடை. ஆற்றங்கரையில் வாழும் எவனும் ஒருபுறம் வாதியாகவும் மறுபுறம் பிரதிவாதியாகவுமே நிற்கிறான்.

மாணவர்களே! நம் அரசியற் சட்டத்தின் 51அ பிரிவு, ஆறு, ஏரி, காடு ஆகியவற்றைக் காப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்கிறது. 1976இல் சேர்க்கப்பட்ட அவ்வரிகளைத் தேர்வுக்காக மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். உங்கள் ஊருக்கு அருகே பாயும் ஆற்றின் வரைபடம் ஒன்றை எழுதுங்கள். மேற்புறத்தில் எந்த ஊர் எதனை விடுகிறது, உங்கள் ஊர் எதனை விடுகிறது, கீழ்ப்புறத்தில் எந்த ஊர் அதனைக் குடிக்கிறது என்பதைக் கேட்டறிந்து அதிற் குறியுங்கள். முதலில் உங்கள் ஊரின் மதகைக் குறித்துவிட்டுப் பிறகு மேற்புறத்தாரிடம் நியாயம் கேளுங்கள். அப்போது உங்கள் சொல்லுக்கு வலிமை இருக்கும்.